எந்தப் பங்கு?

நியூ ஜெர்சியில் இருக்கும் மச்சான் போன வாரம் போனில் கேட்டான். "உங்க ஊர்ல சாக்கர் மேட்சுக்கு டிக்கெட் கிடைக்கலேன்னு புலம்புறே. மிசோரியில அதை யாருடா பாக்குறான்? மெக்சிகோக்காரங்கதானே?" நான் பதில் சொல்ல ஆரம்பித்து 1950 உலகக் கோப்பை வரைக்கும் பின்னால் போனதும், "மீட்டிங் இருக்கு மச்சி" என்று கழன்றுகொண்டான். அவனிடம் பாதியில் நின்றுபோனதை இங்கே கொட்டுகிறேன். நீளமான பதிவு. பொறுமை உள்ளவர்கள் மட்டும் வாருங்கள்.

மிசோரி மாநிலத்துச் செயின்ட் லூயிஸுக்கு வந்து 11 வருஷம் ஆகிறது. வந்த புதிதில் எனக்கும் கிட்டத்தட்ட இதே எண்ணம்தான். அமெரிக்காவில் சாக்கர், அதாவது நம் கால்பந்து, பக்கம் வருகிறவர்கள் இரண்டே வகை. வேறு நாட்டிலிருந்து வந்தவர்கள் ஒரு வகை. சனிக்கிழமை விடிந்ததும் பிள்ளைகளை வேனில் அள்ளிப்போட்டுக்கொண்டு புறநகர் மைதானங்களுக்கு அலைகிற பெற்றோர் இன்னொரு வகை. நான் இரண்டிலும் சேர்த்தி. மகள் ஆடுகிறாள், நான் வண்டி ஓட்டுகிறேன். ஆனால் இந்த ஊர்ப் பந்தியில் எங்களைப் போன்றவர்கள் கடைசியாக வந்து உட்கார்ந்தவர்கள் என்பது பக்கத்து வீட்டுக்காரர் வழியாகத்தான் எனக்குத் தெரிந்தது.

அவருக்கு 75 வயது இருக்கும். ஓய்வுபெற்ற பிளம்பர். ஒரு நாள் மாலை அவர் வாசலில் நின்று பேசிக்கொண்டிருந்தபோது ஏதோ சந்தை ஆய்வு நிறுவனத்திலிருந்து அழைப்பு வந்தது. ஸ்பீக்கரில் போட்டார். எந்த விளையாட்டில் ஆர்வம்? சாக்கர் லீக் ஆட்டங்களுக்குச் சந்தா கட்டியிருக்கிறீர்களா? கடந்த ஓராண்டில் ஜெர்சி, தொப்பி ஏதாவது வாங்கினீர்களா? பேஸ்பால் என்றார் முதல் கேள்விக்கு. மற்றதற்கெல்லாம் இல்லை, இல்லை. போனை வைத்துவிட்டு என்னைக் கேரேஜுக்குள் கூட்டிப்போனார். சுவர் முழுக்கக் கால்பந்துக் கோப்பைகள், மங்கிப்போன குழுப் படங்கள், ஆணியில் தொங்கும் ஒரு விசில். ஏழு வயதில் ஆடத் தொடங்கியவர். முழங்கால் போன பிறகு 30 வருஷம் ரெஃப்ரி. ஆய்வு நிறுவனத்தின் கணக்கில் அவர் 'ஆர்வம் இல்லாதவர்'.

இந்த ஒரு ஆளை அந்தப் படிவத்தில் எங்கே அடைப்பது என்று யோசித்தால் ஊரே புரிந்துவிடும். இங்கே கால்பந்து வளர்ந்தது டிவியிலோ பெரிய ஸ்டேடியத்திலோ அல்ல, மாதா கோயில் வளாகங்களில். நம் ஊர்க் கத்தோலிக்கர்கள் 'பங்கு' என்பார்களே, ஒரு கோயில், அதைச் சேர்ந்த குடும்பங்கள், அதற்கென்று ஒரு பள்ளி. அந்தப் பங்குதான் அணி. அயர்லாந்து, ஜெர்மனி, இத்தாலி என்று வந்திறங்கிய குடும்பங்களின் பிள்ளைகளை சாமியார்கள் சி.ஒய்.சி. என்ற கத்தோலிக்க இளைஞர் அமைப்பின் லீகில் ஆடவிட்டார்கள். பங்கில் ஆடியவன் கத்தோலிக்க உயர்நிலைப் பள்ளிக்குப் போனான். அங்கிருந்து செயின்ட் லூயிஸ் பல்கலைக்கழகம், அதுவும் இயேசு சபையினர் நடத்துவது. சி.ஒய்.சி.யிலிருந்து வந்த பாப் கெல்கர் என்ற பயிற்சியாளர் அங்கே அணியை எடுத்து நடத்தினார். தேசிய அளவில் கல்லூரிக் கோப்பை முதன்முதலாக 1959இல் நடந்தபோதே அவர்கள் வென்றார்கள். 1973க்குள் பத்து கோப்பை. ஆண்கள் கால்பந்தில் அதை இன்றுவரை எந்தக் கல்லூரியும் தாண்டவில்லை.

இந்த ஊரில் புதிதாக ஒருவரைச் சந்தித்தால் முதலில் கேட்கும் கேள்வி "எந்த ஹைஸ்கூல்?" என்பதுதான். நம் ஊரில் "எந்தத் தெரு?" என்று கேட்பதில் எவ்வளவு விஷயம் ஒளிந்திருக்குமோ அவ்வளவும் இதிலும் உண்டு. மதம், வருமானம், வடக்கா தெற்கா, எல்லாம் ஒரே பதிலில் வந்துவிடும். பெரும்பாலும் அவர் கால்பந்து ஆடியிருப்பாரா என்பதும்.

1950க்கு வருகிறேன். பிரேசிலின் பெலோ ஹொரிசோன்டேயில் அமெரிக்கா இங்கிலாந்தை 1-0 என்று தோற்கடித்த ஆட்டம். கோல் போட்டவர் ஹெய்ட்டியில் பிறந்த ஜோ கேட்ஜென்ஸ். களமிறங்கிய பதினொரு பேரில் ஐந்து பேர் செயின்ட் லூயிஸ்காரர்கள். அதிலும் நான்கு பேர் 'தி ஹில்' என்ற ஒரே இத்தாலியப் பேட்டையில் வளர்ந்தவர்கள். கோல்கீப்பர் ஃபிராங்க் போர்கிக்குப் பிழைப்பு அமரர் ஊர்தி ஓட்டுவது. ஐந்தாமவர் ஹாரி கியோ தபால்காரர். பின்னாளில் பல்கலைக்கழக அணிக்குப் பயிற்சியாளராகி, அந்தப் பத்துக் கோப்பையில் ஐந்தை வென்று கொடுத்தவரும் அவரே. அமரர் ஊர்தி என்றதும் இன்னொன்று. கியூட்டிஸ் என்று இங்கே ஓர் இறுதிச்சடங்கு நிறுவனம். அவர்கள் பெயரில் ஆடிய அணி 1957இல் அமெரிக்காவின் தேசிய ஓப்பன் கோப்பையை வென்றது. அதே வருஷம் உலகக் கோப்பைத் தகுதிச்சுற்றில் கனடாவுக்கு எதிராக அமெரிக்க அணியாகவே அந்தக் குழுவை இறக்கிவிட்டார்கள். சவப்பெட்டிக் கடைப் பெயரில் ஆடியவர்கள் நாட்டுக்கே ஆடினார்கள். நான் தமாஷ் பண்ணுவதாகத்தான் மச்சான் நினைத்தான்.

ஆக, "வெளிநாட்டு ஆட்டம், வெளிநாட்டுக்காரர்கள் பார்க்கிறார்கள்" என்ற பேச்சு இந்த ஊரில் எடுபடாது. என் பக்கத்து வீட்டுக்காரருக்குக் கால்பந்து அவர் தாத்தா ஆடிய உள்ளூர் ஆட்டம். வெளிநாட்டுக்காரன் நான்தான்.

ஆனால் வந்தவர்களின் பங்கும் சின்னதல்ல. 1990களில் போருக்குத் தப்பி வந்த போஸ்னியர்கள் நகரின் தெற்கே பெவோ மில் பக்கம் குடியேறினார்கள். பல்லாயிரம் குடும்பங்கள். போஸ்னியாவுக்கு வெளியே அவர்கள் இவ்வளவு நெருக்கமாக வாழும் ஊர்கள் குறைவு. கிராவோய் சாலையில் சரயேவோவில் இருப்பது போலவே ஒரு மர நீரூற்று மண்டபம் கட்டியிருக்கிறார்கள். வேடாட் இபிசெவிச் பதின்வயதில் இங்கே வந்து ரூஸ்வெல்ட் உயர்நிலைப் பள்ளியிலும், பிறகு அதே செயின்ட் லூயிஸ் பல்கலைக்கழகத்திலும் ஆடியவர். 2013 அக்டோபரில் லிதுவேனியாவுக்கு எதிராக அவர் போட்ட கோல்தான் போஸ்னியாவை முதல்முறையாக உலகக் கோப்பைக்குக் கொண்டுபோனது. அடுத்த மாதமே இங்குள்ள புஷ் பேஸ்பால் ஸ்டேடியத்தில் போஸ்னியாவும் அர்ஜென்டினாவும் நட்பு ஆட்டம் ஆடின. 30,000 பேர். அதே வருஷம் மே மாதம் அதே இடத்தில் செல்சியும் மான்செஸ்டர் சிட்டியும் ஆடியபோது 48,000 பேருக்கு மேல். அப்போது இந்த நகரத்துக்கு முதல்நிலை லீகில் ஓர் அணிகூடக் கிடையாது.

பங்கு மைதானத்துத் தாத்தாக்கள், பெவோ காபிக்கடையில் போஸ்னியா ஆட்டம் பார்ப்பவர்கள், செரோக்கி தெருவில் மெக்சிகோ லீக் பார்ப்பவர்கள், சனிக்கிழமை காலை ஆறரை மணிக்கு இங்கிலீஷ் பிரீமியர் லீகுக்காகக் கதவு திறக்கும் பப்புகளில் கூடும் இளவட்டங்கள். இவர்களுக்குள் பேச்சுவார்த்தையே இல்லை. ஒரே ஆட்டத்தைத் தனித்தனி அறைகளில் பார்க்கிறார்கள். சந்தை ஆய்வாளர்கள் இந்த நான்கையும் கூட்டி 'சாக்கர் ரசிகர்கள்' என்று ஒரு தொகை போடுகிறார்கள். என் பார்வையில் அது கூட்டவே கூடாத கணக்கு.

அடுத்து நடந்ததைப் பாருங்கள். 2017 ஏப்ரலில், சாக்கர் ஸ்டேடியம் கட்ட நகரத்தின் பணம் 60 மில்லியன் டாலர் தரலாமா என்று வாக்கெடுப்பு வைத்தார்கள். ஏறக்குறைய 53க்கு 47 என்று தோற்றது. அதே நாளில் போக்குவரத்துக்கும் மற்ற செலவுகளுக்குமாக விற்பனை வரியை உயர்த்தும் தீர்மானம் ஜெயித்தது. வரி கட்ட மனம் இருந்தது, ஸ்டேடியத்துக்கு இல்லை. "பார்த்தீர்களா, அமெரிக்காவின் கால்பந்துத் தலைநகரம் என்று பீற்றிக்கொண்ட ஊரில் ஆதரவே இல்லை" என்று பலர் கைகொட்டினார்கள்.

வாக்களித்தது யார் என்று கேட்டவர்கள் குறைவு. செயின்ட் லூயிஸ் நகரம் 1876இல் தன் கவுண்டியிலிருந்து (நம் மாவட்டம் மாதிரி) பிரிந்து தனியானது. அந்தப் பிரிவினைக் கோடு இன்றும் அப்படியே இருக்கிறது. அப்போது நகரத்துக்குள் மூன்று லட்சம் சொச்சம் பேர். சுற்றியுள்ள புறநகரையும் சேர்த்தால் 28 லட்சம். பங்கு லீகில் வளர்ந்தவர்களின் பிள்ளைகள் எப்போதோ புறநகருக்குப் போய்விட்டார்கள். என்னைப் போல வேன் ஓட்டுபவர்களும் அங்கேதான். எங்களில் ஒருவருக்கும் அன்று ஓட்டு கிடையாது. ஓட்டு இருந்த நகரத்துக்குள் ஏறக்குறைய பாதிப் பேர் கறுப்பின மக்கள். பள்ளி மூடுகிறது, தெருவிளக்கு எரியவில்லை என்று வாழ்பவர்கள். அவர்கள் கால்பந்துக்கு எதிராக ஓட்டுப் போடவில்லை. நானும் அந்த இடத்தில் இருந்திருந்தால் 'வேண்டாம்' என்றுதான் குத்தியிருப்பேன்.

போதாக்குறைக்கு ராம்ஸ் விட்டுப்போன புண் வேறு. அமெரிக்கன் ஃபுட்பால் அணி. 1995இல் வந்து, 2016இல் லாஸ் ஏஞ்சலிஸுக்கே திரும்பிப் போய்விட்டது. அதற்கு முன் 1988இல் இன்னோர் அணி அரிசோனாவுக்குப் போனது. இரண்டு முறை வாழாவெட்டியான ஊர். பணக்காரர் ஒருவர் ஸ்டேடியம் கேட்டு வந்தால் சந்தேகம் வரத்தானே செய்யும்?

கடைசியில் என்டர்பிரைஸ் வாடகைக் கார் நிறுவனத்தின் டெய்லர் குடும்பம் பெரும்பாலும் சொந்தப் பணத்தில் கட்டியது. குடும்பத்துப் பெண்களே முன்னின்றார்கள். அணியின் பெயர் செயின்ட் லூயிஸ் சிட்டி எஸ்.சி. 2023இல் முதல் ஐந்து ஆட்டங்களையும் வென்றது. புதிய அணி எதுவும் அதுவரை அப்படித் தொடங்கியதில்லை. மேற்குப் பிரிவில் முதலிடம் பிடித்து, பிளே-ஆஃபில் பக்கத்து ஊர் கன்சாஸ் சிட்டியிடம் முதல் சுற்றிலேயே கவிழ்ந்தது. அதைப் பற்றி நான் பேச விரும்பவில்லை.

ஸ்டேடியத்தில் 22,500 இடம். நான் போன ஆட்டங்களில் எல்லாம் நிரம்பியிருந்தது. அப்படியானால் உள்ளே இருப்பவர்கள் யார்? வடக்குக் கோல் பின்னால் ஆட்டம் முடியும்வரை உட்காராமல் மேளம் அடிக்கும் கூட்டம் உண்டு. அவர்களில் 'லூலிகன்ஸ்' என்று ஒரு குழு, கீழ்நிலை லீக் அணி புறநகர் மைதானத்தில் ஆடிய காலத்திலிருந்தே பாடிக்கொண்டிருப்பவர்கள். அவர்களுக்குச் சலாம். ஆனால் மீதிப் பேரிடம் பக்கத்து இருக்கையில் உட்கார்ந்து பேசிப் பாருங்கள். ஆஃப்சைடு என்றால் என்ன என்று என் மகளிடம் கேட்ட பெரியவர்களை நான் பார்த்திருக்கிறேன். சட்டையில் பேஸ்பால் கார்டினல்ஸ், தொப்பியில் ஐஸ் ஹாக்கி புளூஸ், கழுத்தில் மட்டும் சிட்டி துண்டு. இவர்கள் கால்பந்தைப் பார்க்க வரவில்லை. தங்கள் ஊர் ஜெயிப்பதைப் பார்க்க வந்திருக்கிறார்கள். ராம்ஸ் போனபோது தேசியத் தொலைக்காட்சியில் தங்கள் ஊரைச் செத்த ஊராகப் பேசியதைக் கேட்டவர்கள். இவர்களைப் போலி ரசிகர்கள் என்று சில பழைய ரசிகர்கள் முணுமுணுக்கிறார்கள். எனக்கு அதில் உடன்பாடில்லை. சென்னையில் எங்கள் தெரு அணி ஆடும்போது கோயில் திண்ணையிலிருந்து வெற்றிலையோடு எழுந்து வந்தவர்களுக்கும் ஆஃப்சைடு தெரியாதுதான்.

என்னை உறுத்துவது வேறொன்று. நகரத்தில் ஏறக்குறைய பாதி கறுப்பினத்தவர். உள்ளே அந்த விகிதத்தில் கால்வாசிகூட என் கண்ணில் படவில்லை. ஸ்டேடியத்தை ஒட்டிய நிலம் மில் கிரீக் வேலி என்ற கறுப்பினக் குடியிருப்பாக இருந்தது. 1959 முதல் நகர நிர்வாகமே புல்டோசர் விட்டு இடித்தது. ஏறக்குறைய 20,000 பேர் வெளியேற்றப்பட்டார்கள். பல்கலைக்கழகம் முதல் கோப்பையைத் தூக்கிய அதே வருஷம், அதே ஊர். வாசலருகே டேமன் டேவிஸ் என்ற உள்ளூர்க் கலைஞர் செய்த மணற்கடிகார வடிவக் கல்தூண்கள் நிற்கின்றன, அந்தப் பேட்டையின் நினைவாக. பலர் அதில் சாய்ந்து செல்ஃபி எடுக்கிறார்கள்.

நான் வடசென்னைப் பையன். வியாசர்பாடியில் கால்பந்து காசில்லாதவன் ஆட்டம். பந்து ஒன்று போதும், சில சமயம் காற்றுப் போன பந்தே போதும். இங்கே என் மகளின் கிளப்புக்கு வருஷத்துக்கு ஆயிரக்கணக்கில் டாலர் கட்டுகிறேன். சீருடை, வெளியூர்ப் போட்டி, ஹோட்டல் எல்லாம் தனி. ஆடுவதற்கே கட்டணம் என்று ஆன பிறகு, பார்க்க யார் வருவார்கள் என்பது பாதி முடிவாகிவிட்டது. பங்கு லீகில் பிளம்பர் பையனும் டாக்டர் பையனும் ஒரே அணியில் ஆடினார்கள். அந்தக் கோயில்கள் பல இப்போது மூடப்படுகின்றன.

போன சீசனில் பக்கத்து வீட்டுக்காரரை இழுத்துக்கொண்டு போனேன். டிக்கெட் விலையைக் கேட்டுத் தலையில் கைவைத்தார். முதல் பாதி முழுக்க லைன்ஸ்மேன் நிற்கும் இடம் தப்பு என்று திட்டிக்கொண்டிருந்தார். இடைவேளையில் இரண்டு வரிசை கீழே இருந்த ஒரு வழுக்கைத் தலைக்காரரை உற்றுப் பார்த்துவிட்டு, படியிறங்கிப் போய்த் தோளைத் தட்டி, "எந்தப் பங்கு?" என்று கேட்டார். அவர் ஏதோ ஒரு புனிதர் பெயரைச் சொன்னார். "1964, அரையிறுதி, அது பெனால்டியே இல்லை" என்றார் இவர். இரண்டாம் பாதி தொடங்கிப் பத்து நிமிடம் ஆகியும் இருவரும் மைதானத்துக்கு முதுகைக் காட்டி நின்று சண்டை போட்டுக்கொண்டிருந்தார்கள்.