கால்வெல்லோ இல்லாம ஜோன் வெஸ்டன் ஏது

பக்கத்து வீட்டுப் பாட்டி போன வாரம் அலமாரியை ஒழிக்கிறப்போ கூப்பிட்டு ஒண்ணு காட்டுனாங்க. பிளாஸ்டிக் கவர்ல போட்டு வெச்ச பழைய ரோலர் டெர்பி (சக்கரக் காலணி கட்டிட்டு ட்ராக்குல சுத்தி மோதுற ஆட்டம்) ப்ரோக்ராம் புக்கு, ஓரமெல்லாம் மஞ்சளாகி மடிஞ்சு கிடக்கு, அட்டையில பெருசா அந்த ஆட்டத்துல வில்லின்னு பேர் வாங்குன ஆன் கால்வெல்லோ கையெழுத்து. சின்னப் பிள்ளையா இருந்தப்போ அவங்க அப்பா சான் ஃபிரான்சிஸ்கோ கீசார் பெவிலியன் அரங்கத்துக்கு கூட்டிட்டுப் போவாராம், இவங்க சீட்டு மேல ஏறி நின்னு கால்வெல்லோவைப் பாத்து தொண்டை கட்டுற வரைக்கும் ஊளையிடுவாங்களாம், மேட்ச் முடிஞ்சதும் ஓடிப்போய் அதே கால்வெல்லோ கிட்டதான் கையெழுத்து வாங்கியிருக்காங்க. ஏன் கூட்டத்தோட செல்லமான ஜோன் வெஸ்டன் கிட்ட வாங்கலன்னு கேட்டேன். அங்க கூட்டம் ஜாஸ்தின்னாங்க. கொஞ்ச நேரம் கழிச்சு, இல்ல, எனக்கு இவளைத்தான் கிட்டத்துல பாக்கணும்னு இருந்துச்சுன்னாங்க.

அதுல இருந்து மனசு ஆறல, அதான் எழுதுறேன். பழைய ரோலர் டெர்பின்னு யார் பேச்செடுத்தாலும் ஜோன் வெஸ்டன் பேருதான் முதல்ல வருது, வரட்டும், வரவேண்டிய பேருதான். அஞ்சடி பத்து அங்குலம், வெளுத்த தங்க முடி, சான் ஃபிரான்சிஸ்கோ டீமான பே பாம்பர்ஸுக்கு கேப்டன், அவ ட்ராக்குல வந்து நின்னாலே ஒரு கம்பீரம். ஆனா கால்வெல்லோவை மட்டும் "அந்த வில்லி"ன்னு ஒரே வார்த்தையில முடிச்சுடுறாங்க பாருங்க, அதுதான் எனக்குத் தாங்கல.

ஆட்டம் தெரியாதவங்களுக்காக சொல்லிடுறேன். சரிவா பலகை அடிச்ச வட்டமான ட்ராக், டீமுக்கு அஞ்சு பேரு, எல்லாரும் ஒரு கூட்டமா ஸ்கேட் பண்ணுவாங்க, அதுல இருந்து ஜாமர்ஸ், அதாவது பாயிண்ட் எடுக்குறவங்க, பிச்சுக்கிட்டு வெளிய வந்து ஒரு ரவுண்டு சுத்தி திரும்ப கூட்டத்துக்குள்ள புகுந்து எதிர் டீம் ஆளை ஒவ்வொருத்தரா தாண்டணும், தாண்டுன ஒவ்வொருத்தருக்கும் ஒரு பாயிண்ட். முன்னாடி போற ஜாமர் ரெண்டு கையையும் இடுப்புல வெச்சா அந்த ஜாம், அதாவது அந்தச் சுற்று, அதோட முடிஞ்சுது. அந்த ஒரு செய்கை இருக்கே, எதிராளி பாயிண்ட் எடுக்க ஒரு அடி தூரத்துல இருக்கறப்போ சாவகாசமா இடுப்புல கை வெக்கிறது, கூட்டத்தை வெறியேத்த அதை விட ஒண்ணும் வேணாம்.

ஒரு பீரியட் பொம்பளைங்க, அடுத்த பீரியட் ஆம்பளைங்க, ரெண்டு பேரு பாயிண்டையும் கூட்டித்தான் ஸ்கோர். ஒரே ட்ராக், ஒரே ரூல். இது எவ்ளோ பெரிய விஷயம்னு இப்ப யாரும் யோசிக்கறதில்ல. 1928க்கு அப்புறம் ஒலிம்பிக்ஸ்ல பொம்பளைங்களுக்கு 800 மீட்டர் ஓட்டமே இல்லாம 1960லதான் திரும்ப வெச்சாங்க, பாஸ்டன் மாரத்தான்ல அதிகாரப்பூர்வமா ஓட விட்டது 1972ல. ஆனா லியோ செல்ட்சர் சிகாகோ கொலீசியத்துல இதை ஆரம்பிச்ச 1935லயே பொம்பளைங்க ஆம்பளைங்க கூட ஜோடி போட்டு ஸ்கேட் பண்ணாங்க. அப்ப இது மோதல் ஆட்டமே இல்ல, நாள் கணக்கா சுத்தி யாரு தாக்குப்பிடிக்கிறாங்கன்னு பாக்குற ஒரு பந்தயம், இடிச்சுத் தள்ளுறதெல்லாம் அப்புறம் சேந்துக்கிச்சு.

டிவி வந்ததும் 1948, 49ல நியூயார்க்ல டஃபி பிராசூன், ஜெரி மர்ரேன்னு ரெண்டு பொம்பளைங்க மோதுனதுதான் இந்த ஆட்டத்தோட முதல் பெரிய பகைன்னு சொல்லலாம். டஃபி அஞ்சடி கூட இருக்க மாட்டா, ஆனா அவ வந்து இடிச்சா ஆளு ரெயிலிங்குக்கு வெளியதான். அப்புறம் லியோவோட மகன் ஜெரி செல்ட்சர் கைக்கு வந்து கலிஃபோர்னியாதான் ஊருன்னு ஆச்சு. கேடிவியூன்னு அங்கத்திய டிவி சேனல்ல வால்ட் ஹாரிஸ் கமெண்ட்ரி, அந்த டேப்பு நாடு பூரா ஸ்டேஷனுக்குப் போகும், டேப் போன ஊருக்கெல்லாம் பின்னாடியே டீமும் போகும். ஆம்பளைங்க பக்கம் சார்லி ஓகானல், அவருக்கு தனியா ஒரு பதிவு போடணும். தெற்க லாஸ் ஏஞ்சல்ஸ்ல டீ-பேர்ட்ஸ்னு ஒரு டீம், அதுல குட்டி ரால்ஃபி வலடாரஸ், அது வேற கம்பெனி, அங்க நாடகம் கொஞ்சம் தூக்கல்.

கால்வெல்லோவுக்கு வர்றேன். முடிக்கு ஒரு நாள் ஊதா, ஒரு நாள் பச்சை, ஒரு நாள் புள்ளி புள்ளியா சாயம். இது எந்தக் காலத்துலன்னு யோசிங்க, பொண்ணுன்னா அடக்கமா இருக்கணும்னு அமெரிக்காவே சொல்லிட்டு இருந்த காலம். வெயில்ல கறுத்த தோலு, பல தடவை உடைஞ்ச மூக்கு. நான் திரும்பத் திரும்ப பாக்குற ஒரு பழைய டேப் இருக்கு, படம் புகை மூட்டமா இருக்கும். ஜோன் நிமிந்து நேரா, நீளமா காலை வீசி வர்றா, இவ குனிஞ்சு உள்பக்கமா ஒட்டி வந்து திருப்பத்துல தோளைக் கொடுக்கிறா, ஜோன் சறுக்கி ரெயிலிங்ல மோதுற சத்தம் கமெண்ட்ரியையும் மீறி கேக்குது. கால்வெல்லோ திரும்பி ஜோனைப் பாக்கல, கூட்டத்தைப் பாக்கிறா. மொத்த அரங்கும் எழுந்து திட்டுது. ஜோன் எழுந்து நிக்கறப்போ வர்ற ஆரவாரம் இருக்கே, அதுல பாதி கால்வெல்லோ சம்பாதிச்சுக் கொடுத்தது. திட்டு வாங்குறதுக்கும் ஒரு ஆளு வேணும்ல, அதை வருஷக்கணக்கா ஊர் ஊரா போய் வாங்குனவ அவ.

எல்லாம் செட்டப்புதானேன்னு கேப்பீங்க. சண்டையில பாதி கூட்டத்துக்காகப் போட்டதுதான், ஒத்துக்கிறேன். ஆனா அந்தச் சரிவுல அந்த வேகத்துல ஸ்கேட் பண்றது செட்டப் இல்ல, உடைஞ்ச மூக்கு செட்டப் இல்ல. 1972 செப்டம்பர்ல சிகாகோ கோமிஸ்கி பார்க் பேஸ்பால் மைதானத்துல 50,118 பேரு டிக்கெட் வாங்கி உக்காந்தாங்க. அடுத்த வருஷமே, 1973 கடைசியில, செலவு தாங்காம ஜெரி செல்ட்சர் கடையை மூடிட்டாரு, பெட்ரோல் தட்டுப்பாடு வேற. அவ்ளோ கூட்டம் சேத்தவங்களுக்கு ஒழுங்கா ஒரு வழியனுப்பு கூட கிடைக்கல, எனக்கு இன்னிக்கும் அது வயித்தெரிச்சல்.

2001ல டெக்சாஸ் ஆஸ்டின்ல பொண்ணுங்களே சேந்து திரும்ப ஆரம்பிச்சாங்க, இப்ப சமதள ட்ராக், ஆடுறவங்களே நடத்துறாங்க, நிஜமான போட்டி. அங்க கலர் முடியோட ஒரு பொண்ணு வந்து நின்னா எனக்கு யாரு ஞாபகம் வருவான்னு சொல்லணுமா.

ஜோன் 1997ல போயிட்டா. கால்வெல்லோ எழுபது வயசு தாண்டியும் ஸ்கேட் கட்டுனா, நாப்பதுகள்ல ஆரம்பிச்சு ஏழு தசாப்தம், 2006ல போனா. கீசார் பெவிலியன் இன்னும் கோல்டன் கேட் பார்க் ஓரத்துல அப்படியே நிக்குது. அடுத்த சனிக்கிழமை பாட்டியை கூட்டிட்டுப் போறேன்னு சொல்லியிருக்கேன். புக்கையும் எடுத்துட்டு வர்றாங்களாம், எந்த வரிசையில உக்காந்தாங்கன்னு காட்டுறாங்களாம்.