கேள்வித்தாளில் ஆத்தாவைத் தேடாதீர்கள்

காரைக்குடி மணிவிழாவில் மைக்கில் நடந்த கூத்தைப் பற்றி எழுத வேண்டாம் என்றுதான் இருந்தேன். அந்த வீடியோ எல்லா குரூப்பிலும் சுற்றி, நேற்று என் ஆத்தாவின் போனுக்கே வந்துவிட்டது. இனி எப்படி வாயை மூடிக்கொண்டிருப்பது?

வாழ்த்துரை சொல்ல மைக் பிடித்த ஒருவர் சொன்னது இது: எடை குறைக்க ஆபரேஷன் செய்துகொள்கிறவர்கள் சின்ன வயதில் தாய்ப்பாசம் கிடைக்காதவர்களாம், மனக்கட்டுப்பாடு இல்லாத குணமாம், வெளிநாட்டு ஆராய்ச்சியாம். வாழ்த்துரையில் பேசுகிற பேச்சா இது? ஆபரேஷனுக்கு நாள் குறித்திருக்கும் என் தம்பி முன்வரிசையில் உட்கார்ந்திருந்தது அவர் கண்ணில் படவில்லை போலும். பட்டதால்தான் பேசினாரோ என்னவோ.

ஐயா, அந்த ஆராய்ச்சிகளில் அதிகம் புழங்கும் கேள்வித்தாள் 1979-ல் ஆஸ்திரேலிய மனநல மருத்துவர் கோர்டன் பார்க்கரும் அவர் கூட்டாளிகளும் உருவாக்கியது. 25 வாக்கியங்கள். 16 வயது வரை பெற்றவர்கள் எப்படி நடந்துகொண்டார்கள் என்று வளர்ந்த ஆள் நினைவிலிருந்து குறிக்க வேண்டும். பரிவுக்கு ஒரு கணக்கு, கட்டுப்படுத்தியதற்கு ஒரு கணக்கு. பிள்ளையின் நினைவை அது அளக்கும். பெற்றவளை அளக்காது. மொய் நோட்டைப் புரட்டி உறவின் ஆழம் சொல்கிற ஆட்கள் நாம், இதையும் அப்படித்தான் படிப்போம்.

"இருபது வருடம் கழித்துக் கேட்டாலும் பதில் பெரிதாக மாறவில்லையே" என்று படித்தவர் யாராவது வருவீர்கள். சரி, மாறவில்லை. மாறாத நினைவு என்பதற்காக எடைக்கு அதுதான் காரணம் என்று ஆகிவிடுமா? ஆபரேஷனுக்கு வருகிறவர்கள் பல வருடம் கேலி கேட்டு நொந்து வருகிறவர்கள். குண்டாக இருந்தும் வராதவர்கள் அந்த ஆராய்ச்சிக் கணக்கில் இல்லை. ஆளுக்கு ஆள் எடை வேறுபடுவதில் மரபின் பங்கு 40 முதல் 70 சதவீதம் என்று இரட்டையர் ஆய்வுகள் சொல்கின்றனவே, அதை ஏன் மைக்கில் சொல்லவில்லை?

இன்னொன்று. அந்தக் கேள்வித்தாளில் அப்பாவுக்கும் தனித்தாள் உண்டு. மைக் பிடித்தவர் பேச்சில் அப்பச்சி, அதாவது அப்பா, எங்கே? மூன்று வருஷத்துக்கு ஒரு தவணை என்று பர்மாவின் ரங்கூனுக்கு வேலைக்குப் போன தலைமுறையில் எத்தனை பிள்ளைகள் அப்பச்சியைப் போட்டோவில் பார்த்து வளர்ந்தார்கள்! அவர்கள் எல்லோரும் குண்டாகிப் போனார்களா? எங்கள் அப்பச்சியும் வியாபாரம் என்று வெளியூரிலேயே இருந்தவர். வளவு வீட்டில் நாலு பிள்ளைகளை வைத்துக்கொண்டு வரவு செலவு, நல்லது கெட்டது எல்லாம் பார்த்தது ஆத்தாதான். அந்த ஆத்தா நேற்று ராத்திரி என்னிடம் கேட்கிறார், "நான் அவனுக்கு என்னடி குறை வச்சேன்?" என்று. எழுபது வயதில் கேட்க வேண்டிய கேள்வியா?

மனக்கட்டுப்பாடு பற்றியும் சொல்லிவிடுகிறேன். முட்டி தாங்கிய வரைக்கும் தைப்பூசத்துக்குப் பழநிக்கு நடந்தே போனவன் என் தம்பி. இப்போது இரைப்பையில் முக்கால் பங்குக்கு மேல் எடுக்கச் சம்மதித்திருக்கிறான். பசியைக் கிளப்பும் கிரெலின் என்ற ஹார்மோன் குறையுமாம். அப்புறம் ஆயுசுக்கும் வைட்டமின் மாத்திரை, ரத்தப் பரிசோதனை. குறுக்குவழி என்கிறவர்கள் ஒரு வாரம் இதைச் செய்து காட்டுங்கள்.

மனநலப் பரிசோதனையே வேண்டாமா என்றால், வேண்டும். அவனுக்கும் செய்தார்கள். ஆபரேஷனுக்குப் பிறகு யாருக்கு என்ன துணை தேவைப்படும் என்று பார்க்கத்தான் வீட்டைப் பற்றியும் கேட்டார்கள். மூடிய அறையில் கேட்டார்கள். பந்தலில் கேட்கவில்லை.

அந்தப் பேச்சுக்குக் கைதட்டியவர்களில் பாதிப் பேர் பந்தியில் அவன் இலையில் கந்தரப்பத்தைத் திணித்தவர்கள். வேண்டாம் என்று கையை வைத்து மறைத்தான், விரலிடுக்கில் வைத்தார்கள். திரும்பி, "இப்படித் தின்னா வெட்டத்தான் வேணும்" என்று சிரித்தார்கள். அடுத்த விசேஷத்தில் அவன் இலைப்பக்கம் கரண்டியோடு வருகிறவர்கள் அண்ணனானாலும் அயித்தானானாலும் என்னிடம் வாங்கிக் கட்டிக்கொள்வீர்கள்.