டொமைன் யார் பெயரில் இருக்கிறது?

அக்கா ஊறுகாய் போட்டு விற்கிறாள். பாட்டில் லேபிள், விசிட்டிங் கார்டு, பார்சல் பெட்டி எல்லாவற்றிலும் அவளுடைய டாட் காம் முகவரிதான், அதாவது அவளுடைய டொமைன். ஆறு வருடமாக அதற்குப் பணம் கட்டியவளும் அவளே. ஹோஸ்டிங்கை (தளத்தை வைத்திருக்கும் சர்வர் இடம்), கூடவே டொமைனையும் வேறு இடத்துக்கு மாற்றலாம் என்று, டொமைனை மாற்றத் தேவையான ரகசிய எண்ணான டிரான்ஸ்பர் கோடு கேட்டபோதுதான் விஷயம் தெரிந்தது. டொமைன் அவள் பெயரில் இல்லை. ஹோஸ்டிங் கொடுத்தவர் தன் பெயரில், தன் மெயில் ஐடியில் பதிந்து வைத்திருந்தார்.

"பாக்கியைக் கட்டுங்க மேடம், அப்புறம் கோடு தரேன்." அவர் பாக்கி என்று சொன்னது, வரப்போகிற வருடத்து ஹோஸ்டிங் கட்டணம்!

ஹோஸ்டிங் கடை இடம் மாதிரி, டொமைன் கடையின் பெயர் மாதிரி. கடை வாடகையில் தகராறு என்றால் கடையைக் காலி செய்யச் சொல்லலாம். கடையின் பெயரையே பிடுங்கி வைத்துக்கொள்ள எவருக்கும் உரிமை கிடையாது. இரண்டையும் ஒரே ஆளிடம் வாங்குவதால்தான் இரண்டும் ஒன்று என்று நம்பிவிடுகிறோம்.

விதிகள் இல்லாமல் இல்லை. இணையப் பெயர்களை உலக அளவில் நிர்வகிக்கும் ஐகான் அமைப்பின் விதிப்படி, டாட் காம் பெயரைப் பதிவு பெற்றவர் கேட்டால் 5 நாட்களுக்குள் ரெஜிஸ்ட்ரார் (டொமைனைப் பதிந்து தரும் நிறுவனம்) கோடு தர வேண்டும். அடுத்த பதிவுக் காலத்துக்குப் பணம் கட்டவில்லை என்று சொல்லி மாற்றத்தை மறுக்கவும் கூடாது. ஆனால் 'பதிவு பெற்றவர்' என்றால் பதிவேட்டில் பெயர் இருப்பவர். அக்கா விஷயத்தில் அது அந்த ஹோஸ்டிங்காரர். அவளைக் காக்க வேண்டிய விதி அவர் பக்கம் நிற்கிறது. இதை நினைத்தால்தான் எனக்கு வயிறு எரிகிறது.

2007இல் அமெரிக்காவில் ரெஜிஸ்டர்ஃபிளை என்ற ரெஜிஸ்ட்ரார் நொடித்து, ஐகான் அதன் அங்கீகாரத்தை ரத்து செய்தது. சுமார் 8.5 லட்சம் பெயர்கள் கோடாடி என்ற இன்னொரு ரெஜிஸ்ட்ராருக்கு மாற்றப்பட்டன. அதில் அதிகம் திண்டாடியவர்களில் உரிமையாளர் விவரத்தை வெளியே காட்டாமல் மறைக்கும் அதன் பிரைவசி சேவையை வாங்கியவர்களும் உண்டு. பதிவேட்டில் அவர்கள் பெயர் இருக்க வேண்டிய இடத்தில் அந்தச் சேவையின் பெயர் இருந்தது. அதற்குப் பிறகுதான், ரெஜிஸ்ட்ரார்கள் வாடிக்கையாளர் விவரங்களின் நகலை மூன்றாம் தரப்பு ஒன்றிடம் ஒப்படைக்க வேண்டும் என்ற விதி உண்மையில் நடைமுறைக்கு வந்தது.

சரி, வழக்காடலாமே என்பீர்கள். கோர்ட்டுக்குப் போகாமல் டொமைன் தகராறைத் தீர்க்கும் ஐகானின் யுடிஆர்பி நடைமுறை டிரேட்மார்க் உள்ளவர்களுக்கானது. அந்த வழக்குகளை நடத்தும் வைப்போ (உலக அறிவுசார் சொத்து அமைப்பு) என்ற அமைப்பிடம் போனால், ஒரே நடுவர் விசாரித்தாலும் கட்டணம் 1,500 டாலர். ஊறுகாய் விற்கிறவள் எங்கே போவாள்?

எல்லோரும் கெட்ட எண்ணத்தில் இப்படிப் பதிவதில்லை. கிளையண்ட் ரினியூவல் மெயிலைப் பார்க்க மாட்டார் என்ற அக்கறையிலும் செய்கிறார்கள். ஹோஸ்டிங் கொடுப்பவர்களே, அப்படியென்றால் பதிவில் டெக்னிக்கல் தொடர்பு என்ற இடத்தில் உங்கள் மெயிலைப் போடுங்கள். உரிமையாளர் இடத்தில் பணம் கொடுத்தவர் பெயர்தான் இருக்க வேண்டும். இன்வாய்ஸ் கொடுக்கும் அன்றே ரெஜிஸ்ட்ரார் லாகினையும் அவர் கையில் கொடுங்கள்.

அக்கா பணத்தைக் கட்டிவிட்டாள். மாங்காய் சீசனில் சண்டை போட நேரமில்லை என்றாள். பதினோராவது நாள்தான் கோடு வந்தது.