பிடிக்கவில்லை என்று சொல்லுங்கள், ஃபினாயில் என்று சொல்லாதீர்கள்

அந்தக் காணொளியை இந்நேரம் எல்லோரும் பார்த்திருப்பீர்கள் என்பதால் அதை இங்கே இணைத்து அவருக்கு இன்னும் நாலு பார்வைகளைக் கூட்டித் தர எனக்கு விருப்பமில்லை. கோவாவில் ஒரு மலையடிவாரக் கொட்டகையில், முந்திரிச் சாராயமான ஃபெனியை ஒரு மிடறு வாயில் ஊற்றி, கண்ணை உருட்டி, அப்படியே தரையில் துப்பிவிட்டு, "ஃபினாயில்டா சாமி" என்று கேமராவைப் பார்த்துச் சொல்கிற அந்த நண்பரை அங்கே அழைத்துச் சென்றவன் நான்தான். ஓரத்தில் பாதி முகம் மட்டும் தெரிய அசடு வழிய நிற்பவனும் நான்தான். "செம கலாய், உங்களையும் பார்த்தோம்" என்று எழுதிக்கொண்டிருக்கும் அன்பர்கள் அனைவருக்கும் தனித்தனியாகப் பதில் சொல்லும் பொறுமை எனக்கு இல்லை. மொத்தமாக இங்கேயே சொல்லிவிடுகிறேன்.

ஃபெனி யாருக்கும் பிடித்தே ஆக வேண்டும் என்று நான் எங்கும் சொன்னதில்லை. பிடிக்காமல் போவதற்கு எல்லா நியாயமும் அதில் இருக்கிறது. மூடியைத் திறந்ததுமே அதன் நெடி அறை முழுக்கப் பரவிவிடும். இரவு குடித்தவர் மறுநாள் காலையில் வாயைத் திறந்தாலும் பக்கத்தில் இருப்பவருக்குத் தெரிந்துவிடும். பிடிக்கவில்லையா, பிடிக்கவில்லை என்று சொல்லுங்கள், தம்ளரைக் கீழே வையுங்கள், தண்ணீர் குடியுங்கள். அத்துடன் விஷயம் முடிந்தது. உங்கள் நாக்குக்கு ஒத்துவரவில்லை என்ற ஒரே காரணத்துக்காக அதைக் கெட்டுப்போன சரக்கு, கழுவும் திரவம் என்று ஊருக்கெல்லாம் அறிவிப்பது, அதை வடித்தவர் மீது நீங்கள் சுமத்தும் குற்றச்சாட்டு. அதற்கு ஆதாரம் வேண்டும். ஒரு மிடறைக்கூட முழுதாக விழுங்காதவரிடம் என்ன ஆதாரம் இருக்கிறது?

எனக்குக் கூடுதல் எரிச்சல் எதனால் என்றால், அவரும் நானும் பண்ருட்டிப் பக்கத்துக்காரர்கள். முந்திரிக்காட்டில் கொட்டையைத் திருகி எடுத்துக்கொண்டு பழத்தை மரத்தடியிலேயே போட்டுவிட்டு வருகிற ஊர் எங்களுடையது. சித்திரை வெயிலில் அந்தப் பழங்கள் புளித்து, ஈ மொய்த்து, காடே ஒரு மாதிரி இனிப்பும் காட்டமுமாக மணக்கும். உப்புத் தொட்டுத் தின்றால் தொண்டை கமறும். சாறு சட்டையில் பட்டால் எந்தச் சோப்புக்கும் அந்தக் கறை போகாது. அதற்காக என் அம்மாவிடம் நான் வாங்கிய அடிகளுக்குக் கணக்கில்லை. ஃபெனியில் இருப்பது அந்த வாசனைதான். அந்த வாசனையில் வளர்ந்த மூக்கு அதை ஃபினாயில் என்கிறது என்றால் பழுது சரக்கில் இல்லை.

நாங்கள் மிதித்துக்கொண்டு நடந்துபோன பழத்தை அங்கே மிதித்துச் சாறாக்குகிறார்கள், வேறுபாடு அவ்வளவுதான். மரத்திலிருந்து பறிப்பதில்லை, முற்றிப் பழுத்துத் தானாக உதிர்ந்ததை மட்டும் பொறுக்குகிறார்கள். பாறையில் குடைந்த தொட்டியில் போட்டுக் காலால் மிதித்துச் சாறெடுத்த பிறகு, சக்கையைக் குவித்துக் கல்லேற்றி வைத்தால் சொட்டுச் சொட்டாக ஒரு தெளிந்த சாறு இறங்கும். நீரோ என்று பெயர், அன்றைக்கே குடித்துவிட வேண்டும், குழந்தைகளும் குடிக்கலாம். மிதித்தெடுத்த சாறு ஈஸ்ட் எதுவும் சேர்க்காமலேயே இரண்டு மூன்று நாட்களில் நுரைத்துப் புளிக்கிறது. அதை ஒருமுறை வடித்தால் ஊராக், ஏறக்குறைய 15 விழுக்காடு போதைச்சத்து. மறுபடியும் வடித்தால் ஃபெனி, 42 விழுக்காட்டை ஒட்டி. எசன்ஸ் கிடையாது, நிறத்துக்குக் கேரமல் கிடையாது. முந்திரி ஃபெனிக்கு 2009இல் புவிசார் குறியீடு கிடைத்தது; 2016இல் கோவா அரசு அதைப் பாரம்பரிய பானமாக அறிவித்தது. அதுவரை சட்டத்தின் கண்ணில் அது வெறும் நாட்டுச் சாராயம். என் நண்பரின் கண்ணில் இன்னும் அதுதான்.

காணொளியில் வெட்டப்பட்ட ஒரு பகுதியை நான் சொல்லியாக வேண்டும். எங்களுக்கு ஊற்றிக் கொடுத்த பெரியவர் சும்மா ஊற்றிக் கொடுத்துவிடவில்லை. புதிதாக இறங்கிய சரக்கில் கொஞ்சம் ஒரு புட்டியில் பிடித்துக் குலுக்கி, மேலே நின்ற குமிழிகளை வெளிச்சத்துக்கு நேராகத் தூக்கிப் பார்த்தார்; உள்ளங்கையில் நாலு சொட்டு விட்டுத் தேய்த்து முகர்ந்தார்; தோளில் கிடந்த துண்டால் தம்ளரை இரண்டு முறை துடைத்துவிட்டுத்தான் நீட்டினார். நண்பர் துப்பியதும் அவருக்குப் புரையேறிவிட்டது என்று நினைத்துக்கொண்டு தண்ணீர்ச் செம்பைத் தூக்கிக்கொண்டு ஓடிவந்தார். அவருக்குத் தமிழ் தெரியாது. "என்ன சொல்கிறார்?" என்று என்னிடம் கொங்கணியில் கேட்டார். காட்டம் அதிகமாக இருக்கிறதாம் என்று சொல்லி வைத்தேன். அவர் பெருமையாகச் சிரித்தார். ஊருக்குக் கொண்டுபோக ஒரு புட்டி தரட்டுமா என்றார். அந்தப் புட்டியை நண்பர் வாங்கிக்கொண்டார், காசு கொடுக்காமல். ஃபினாயிலை எதற்கு வாங்கினார் என்று நான் கேட்கவில்லை, நீங்களாவது கேளுங்கள்.

உங்கள் வீட்டுக்கு வந்த வெளியூர் விருந்தாளி ஒருவர், உங்கள் அம்மா வைத்த கருவாட்டுக் குழம்பை ஒரு வாய் எடுத்துவிட்டு, அவர் கண்ணெதிரிலேயே துப்பி, அதைப் படமும் பிடித்துப் போட்டால் "செம கலாய்" என்று எழுதுவீர்களா?

போன வருடம் இதே நண்பர் வீட்டில் நடந்ததையும் சொல்கிறேன். ஸ்காட்லாந்தின் ஐலா தீவிலிருந்து வந்த ஒரு சிங்கிள் மால்ட்டை அலமாரியிலிருந்து குழந்தையைத் தூக்குவதுபோல எடுத்துவந்து ஊற்றினார். சதுப்பு நிலத்திலிருந்து வெட்டியெடுக்கும் பீட் என்னும் மக்கை எரித்து, அந்தப் புகையில் முளைகட்டிய பார்லியைக் காயவைத்துச் செய்கிற விஸ்கி அது. அரசு மருத்துவமனையில் கட்டுப் பிரிக்கும் அறைக்குள் நுழைந்ததுபோல டிஞ்சரும் புகையுமாக வாசனை அடிக்கும். எனக்கு மிகவும் பிடிக்கும், அது வேறு விஷயம். அந்த வாசனைக்குக் காரணமே பீனால் வகைச் சேர்மங்கள்தான். தானியத்தில் அது எத்தனை பிபிஎம், அதாவது பத்து லட்சத்தில் எத்தனை பங்கு, இருந்தது என்று சொல்லியே விற்கிறார்கள். அன்றைக்கு நண்பர் கண்ணை மூடி, தலையை லேசாகச் சாய்த்து, "மெடிசினல்" என்று முணுமுணுத்தார். ஆக, உண்மையிலேயே பீனால் உள்ள சரக்கு அவருக்கு ரசனை. பழம் மணக்கிற சரக்கு ஃபினாயில். முன்னதில் ஸ்காட்லாந்து முத்திரையும் விலைச்சீட்டும் இருந்தன, பின்னதைத் துண்டு போட்ட ஒரு மனிதர் ஊற்றிக் கொடுத்தார். இதற்கு மேல் நான் விளக்க வேண்டுமா?

"உனக்கு மட்டும் எல்லாம் பிடித்துவிடுமா?" என்று ஒருவர் கேட்டிருந்தார். இல்லை. பைஜியு என்னும் சீனத்துச் சாராயம் எனக்கு இன்றுவரை பிடிக்கவில்லை. சோளத்தைப் பழைய களிமண் குழிகளில் போட்டுப் புளிக்கவைத்து வடிக்கிறார்கள். லூஜோ நகரத்தில் 1573 முதல் புழக்கத்தில் இருப்பதாகச் சொல்லப்படும் குழிகள்கூட உண்டு. அளவுக்கு மீறிப் பழுத்த அன்னாசியும் அழுக்குச் சாக்சுமாக ஒரு வாசனை என் மூக்கில் ஏறுகிறது. அன்னாசி வாசனைக்குக் காரணமான எஸ்டர் என்னும் மணச் சேர்மம் அந்தக் குழிகளில் வாழும் நுண்ணுயிர்களின் வேலை என்று படித்த பிறகும் பிடிக்கவில்லை. ஆனால் பல தலைமுறைகளாகக் கோடிக்கணக்கான மக்கள் விரும்பிக் குடிக்கிற ஒன்று என் மூக்குக்கு ஒவ்வவில்லை என்றால், நான் அதைச் சொல்லிவிட்டு ஒதுங்கிக்கொள்வேன். துப்பிப் படம் பிடிக்க மாட்டேன்.

மாறாக, பிரான்ஸின் ஜுரா மலைப்பகுதியில் செய்யும் வான் ஜோன் என்ற மஞ்சள் ஒயினை ஒரு கூட்டத்தில் திறந்தபோது, சுற்றியிருந்த அத்தனை பேரும் கெட்டுவிட்டது என்று முகம் சுளித்தார்கள். ஆறு வருடம் மூன்று மாதம் பீப்பாயை நிரப்பாமல், மேலே ஈஸ்ட் ஆடை படரவிட்டு வைத்திருக்கிற ஒயின் அது; அதன் புட்டியே தனி அளவு, 62 சென்டிலிட்டர். எனக்கு அதை முகர்ந்ததும் எங்கள் வீட்டு அஞ்சறைப் பெட்டி நினைவுக்கு வந்தது. வெந்தயம்! கற்பனை இல்லை, வெந்தயத்துக்கு மணம் தருகிற சோட்டலான் என்ற அதே பொருள்தான் அந்த ஒயினிலும் இருக்கிறது. அங்கிருந்த ஒயின் அறிஞர்களைவிட நம் நாக்குக்குத்தான் அந்த இடத்தில் வாய்ப்பு அதிகம். புதிய மதுவை ருசி பார்க்கிறவன் செய்ய வேண்டியது, இதை எங்கே சந்தித்திருக்கிறேன் என்று தன் நினைவில் தேடுவதுதான். நண்பர் தேடியிருந்தால் முந்திரிக்காட்டில் போய் நின்றிருப்பார்.

இனி எனக்கு வரப்போகிற உபதேசங்கள். மது எந்த அளவிலும் உடலுக்குப் பாதுகாப்பானது இல்லை என்று உலக சுகாதார நிறுவனம் 2023இல் சொல்லிவிட்டது, தெரியும். மறுக்கவில்லை. நகர்வோம்.

"கள்ளக்குறிச்சியை மறந்துவிட்டாயா?" என்பவர்களிடம் அப்படி நகர்ந்துவிட முடியாது. 2024 ஜூனில் அறுபதுக்கும் மேற்பட்டவர்கள் செத்தது மெத்தனால் கலந்த விஷத்தைச் சாராயம் என்று விற்றதால். மெத்தனாலைக் கலந்தவனையும், கலால் உரிமம் வாங்கிப் பழச்சாற்றை ஊர் அறிய வடிக்கிறவரையும் ஒரே வரிசையில் நிறுத்துவது, இறந்தவர்களுக்கும் நியாயம் இல்லை, உழைப்பவருக்கும் நியாயம் இல்லை. அந்தக் காணொளிக்குக் கீழே "இதைக் குடித்தால் கண் போய்விடும்" என்று எழுதியவர்களில் எத்தனை பேர், தங்கள் வார இறுதிக் குவார்ட்டரில் இருப்பது என்ன என்று விசாரித்திருக்கிறீர்கள்? இங்கே விஸ்கி என்று விற்கிற மலிவுச் சரக்குகள் பலவற்றின் அடிப்படை, சர்க்கரை ஆலையில் மிஞ்சும் மொலாசஸ் பாகிலிருந்து எடுத்த எரிசாராயம். ஐரோப்பாவில் அதை விஸ்கி என்று பெயரிட்டு விற்க முடியாது. அதைக் குடித்துவிட்டு யாரும் ஃபினாயில் என்று படம் போட்டு நான் பார்த்ததில்லை.

இது பணக்காரப் பொழுதுபோக்கு என்று சொல்பவர்கள், ஒரு ஐலா புட்டியின் விலையில் எத்தனை புட்டி ஃபெனி வாங்கலாம் என்று கணக்குப் போட்டுவிட்டு வரட்டும்.

உண்மையில் என்னைக் குத்துவது இந்தக் காணொளி மட்டும் இல்லை. ஊரில் ஒரு திருமணத்துக்குப் போயிருந்தபோது, உறவினர் ஒருவர் என்னைச் சம்பந்தி வீட்டாரிடம், "மாமா கோவாவில் இருக்கிறார், சரக்கு ருசி பார்க்கிறதுதான் இவருக்கு வேலை" என்று அறிமுகம் செய்து வைத்தார். எல்லோரும் சிரித்தார்கள், என் மனைவியைத் தவிர. அரை மணி நேரம் கழித்து அதே உறவினர் மண்டபத்தின் பின்புறம், காரின் மறைவில், பிளாஸ்டிக் தம்ளரில் பாதி குவார்ட்டரை ஊற்றி, தண்ணீர்ப் பாக்கெட்டைப் பல்லால் கடித்துப் பீய்ச்சி, மூச்சைப் பிடித்துக்கொண்டு ஒரே மடக்கில் இறக்கிவிட்டு, ஊறுகாயை நக்கிக்கொண்டு நின்றார். என்ன குடித்தார் என்று கேட்டால் அவருக்கே தெரியாது. ஒரு விரற்கடை உயரம் ஊற்றி ஒரு மணி நேரம் வைத்திருக்கிற நான் குடிகாரன். ருசி நாக்கில் பட்டுவிடக் கூடாது என்று விழுங்குகிற அவர் குடும்பஸ்தர். ரசிப்பதுதான் குற்றம் போலிருக்கிறது. வெட்கப்பட்டுக்கொண்டு குடித்தால் மன்னித்துவிடுகிறார்கள்.

இந்த வெட்கத்தைத்தான் அரசும் நமக்குப் பழக்கியிருக்கிறது. 1987 முதல் தமிழ்நாட்டில் கள் இறக்கத் தடை. பனையும் தென்னையும் தருவது குற்றம். 2003 முதல் சில்லறைக் கடைகளை நடத்துவதும் அரசின் டாஸ்மாக்தான். ஆலை தருவது வருவாய். யாழ்ப்பாணத்தில் பனங்கள்ளை வடிக்கத் திக்கத்தில் வடிசாலை கட்டினார்கள். இலங்கையின் தென்மேற்குக் கரையில் தென்னைக்குத் தென்னை கயிறு கட்டி, அதன் மேல் நடந்து கள் சேர்த்து, வடித்ததைச் சவண்டலை மரத் தொட்டிகளில் முதிரவைத்து உலகத்துக்கு விற்கிறார்கள். நம்மிடம் பனை இல்லையா, தென்னை இல்லையா, முந்திரிதான் இல்லையா? பழம் மரத்தடியில் அழுகுகிறது. அதைப் பக்குவமாகச் செய்து காட்டுகிற ஒரு மனிதரிடம் போய், தமிழன் ஒருவன் துப்பிவிட்டு வருகிறான், அதற்கு ஆயிரக்கணக்கில் சிரிப்புக் குறிகள்.

நண்பரிடம் காணொளியை எடுத்துவிடுமாறு இரண்டு முறை கேட்டுவிட்டேன். "லைட்டா எடுத்துக்கோங்க பாஸ்" என்று பதில் வந்தது. பிடிக்கவில்லை என்று திருத்தியாவது எழுதுங்கள் என்றதற்குப் பதிலே இல்லை. அவரோடு இனி எனக்குப் பேச எதுவும் இல்லை.

"நாங்கள் கோவா வந்தால் அங்கே அழைத்துப் போவீர்களா?" என்று உள்பெட்டியில் கேட்டிருக்கும் சிலருக்கு மட்டும். ஏப்ரலில் வாருங்கள்; மழை இறங்கிவிட்டால் ஊராக் கிடைக்காது. எடுத்ததும் ஃபெனியில் கைவைக்க வேண்டாம். ஊராக்கில் லிம்காவை ஊற்றி, எலுமிச்சை பிழிந்து, ஒரு சிட்டிகை உப்பும் கீறிய பச்சை மிளகாய் ஒன்றும் போட்டு அங்கே குடிப்பார்கள், அதிலிருந்து தொடங்குங்கள். லிம்கா கலந்தால் ரசனை கெட்டுவிடாதா என்று கேட்கிறவர்கள் ஐலாவிலேயே இருந்துகொள்ளலாம். குடிக்காத ஒருவர் வண்டி ஓட்ட வர வேண்டும். ஊற்றிக் கொடுப்பதற்குக் காசு கொடுக்க வேண்டும், அவர் வேண்டாம் என்றாலும். கைபேசியை வண்டியிலேயே வைத்துவிட்டுத்தான் இறங்க வேண்டும். இதற்குச் சம்மதம் இல்லாதவர்களுக்கு பாகா கடற்கரையில் மதுக்கூடங்களுக்குப் பஞ்சமே இல்லை.