பொய்த்தீக்கு ஒரு வாளித் தண்ணீர்

மாமா ஓய்வுபெற்ற பிழைதிருத்துநர். அச்சான எதையும் கடைசி வரி வரை படிக்காமல் கீழே வைக்கமாட்டார். மருந்துப் பெட்டிக்குள் மடித்து வைத்திருக்கும் காகிதத்தைக்கூட விடமாட்டார். மாப்பிள்ளை வேறு இனம்: பெட்டியைப் பிரித்ததும் அதன் மேல் ஏறி நின்று மின்விசிறியைத் துடைப்பவர்.

(காலை. கூடத்தின் மூலையில் கறுப்பு நிறத்தில் ஒரு புதுக் கணப்பு. பார்த்தால் விறகு எரிக்கும் பழைய இரும்பு அடுப்பு; உள்ளே இருப்பது மின்சார ஹீட்டர். முகப்புக் கண்ணாடிக்குப் பின்னால் தீ நெளிகிறது. பக்கத்தில் வாளி நிறையத் தண்ணீர்.)

மாமா: மாப்பிள்ளை, இந்த வாளி எதற்கு?

மாப்பிள்ளை: முன்னெச்சரிக்கை, மாமா. வீட்டுக்குள் நெருப்பு வைத்திருக்கிறோம். விறகிலிருந்து பொறி கிளம்பினால்?

மாமா: (குனிந்து பார்த்து) இது பிளாஸ்டிக் விறகு.

மாப்பிள்ளை: அப்படியா! நேற்று ராத்திரி இரண்டு கட்டையைப் புரட்டிவிடலாம் என்று கதவோடு அரை மணி நேரம் மல்லுக்கட்டினேன். அசையவே இல்லை.

மாமா: அது கதவு இல்லை. கதவு மாதிரி வார்த்த முகப்பு.

மாப்பிள்ளை: கைப்பிடி இருக்கிறதே?

மாமா: அதையும் சேர்த்து வார்த்திருக்கிறார்கள்.

மாப்பிள்ளை: அப்படியானால் கொத்தனாரை வரவேண்டாம் என்று சொல்லிவிடவா?

மாமா: எந்தக் கொத்தனார்?

மாப்பிள்ளை: புகைபோக்கிக்குத் தளத்தில் துளை போட வருகிறார். உங்களைத் தொந்தரவு செய்யவேண்டாம் என்று, வெளிப்படி வழியாக நேரே மொட்டைமாடிக்கு ஏறிவிடச் சொன்னேன். பத்து மணிக்கு.

மாமா: (நெற்றியில் கை வைத்து) எரிந்தால்தானே புகை? இதில் எரிவதற்கு ஒன்றுமே இல்லை. புகை கிடையாது, சாம்பல் கிடையாது. கரி அடுப்பை மூடிய அறையில் வைத்தால் கார்பன் மோனாக்சைடு வந்து தூங்குகிற ஆளைத் தூக்கத்திலேயே கொண்டுபோய்விடும். இதில் அந்தப் பயமும் இல்லை. உடனே போன் செய்து நிறுத்துங்கள்.

மாப்பிள்ளை: ஆகட்டும் மாமா. போன் உயிரை விட்டுவிட்டது, இப்போதுதான் சார்ஜில் போட்டேன். ஐந்து நிமிடம்.

மாமா: கணப்பு நேற்று முழுக்க ஓடியதா?

மாப்பிள்ளை: ராத்திரி இரண்டு மணி வரை. என்ன சூடு தெரியுமா! வியர்த்துக் கொட்டிவிட்டது. ஸ்வெட்டரையே கழற்றி எறிந்துவிட்டேன்.

மாமா: (மூக்குக்கண்ணாடியை இறக்கிப் பக்கவாட்டுச் சுவிட்சுகளைப் பார்க்கிறார்) இங்கே மூன்று சுவிட்ச் இருக்கின்றன. முதலாவது தீயின் தோற்றத்துக்கு மட்டும். இரண்டாவது 1000 வாட் சூடு. மூன்றாவதையும் சேர்த்துப் போட்டால் 2000. நீங்கள் முதலாவதை மட்டும்தான் போட்டிருக்கிறீர்கள்.

மாப்பிள்ளை: அப்படியென்றால்?

மாமா: ராத்திரி இரண்டு மணி வரை நீங்கள் குளிர் காயவில்லை, படம் பார்த்திருக்கிறீர்கள்.

மாப்பிள்ளை: அப்புறம் எப்படி எனக்கு வியர்த்தது?

மாமா: கதவோடு மல்லுக்கட்டினீர்களே.

(மாப்பிள்ளை பேச்சை மாற்றுவதற்காகத் திரைச்சீலையைச் சரிசெய்கிறார். மாமா வயரைப் பிடித்துக்கொண்டு நடக்கிறார். அது கம்பளத்துக்கு அடியில் புகுந்து, சோபாவுக்குப் பின்னால் தலை நீட்டி, ஆறு துளை உள்ள ஓர் எக்ஸ்டென்ஷன் பெட்டியில் முடிகிறது. அங்கே தொலைக்காட்சி, மோடம், இஸ்திரிப் பெட்டி, மாப்பிள்ளையின் போன் எல்லாம் ஏற்கெனவே குடியிருக்கின்றன. மாமா மண்டியிடுகிறார். அவருடைய முழங்கால் சத்தம் சமையலறை வரை கேட்கிறது.)

மாமா: இந்தப் பெட்டியை வாங்கியபோது என்ன நிறம்?

மாப்பிள்ளை: வெள்ளை. இப்போதும் வெள்ளைதானே?

மாமா: இஸ்திரிப் பெட்டி செருகியிருக்கும் துளையைப் பாருங்கள். ஓரம் பழுப்பேறி, உதடு மாதிரி வெளியே மடிந்திருக்கிறது. மோந்து பாருங்கள்.

மாப்பிள்ளை: (மோந்து) மீன் வாடை மாதிரி... மாமா, இத்தனை நாள் நாம் பூனையைத் திட்டிக்கொண்டிருந்தோமே!

மாமா: பூனையிடம் அப்புறம் மன்னிப்புக் கேளுங்கள். பத்து நிமிடம் போட்டு எடுக்கிற இஸ்திரிப் பெட்டிக்கே இந்தப் பிளாஸ்டிக் உருகியிருக்கிறது. கணப்பு மணிக்கணக்கில் ஓடும். 2000 வாட்டை 230 வோல்ட்டால் வகுத்தால் கிட்டத்தட்ட 8.7 ஆம்பியர். பெட்டியைத் திருப்பிப் பாருங்கள், முதுகில் என்ன அச்சிட்டிருக்கிறது?

மாப்பிள்ளை: 6 ஆம்பியர்.

மாமா: அச்சிட்டதைப் படிக்க ஆள் வேண்டாமா?

மாப்பிள்ளை: துளை ஆறு, ஆம்பியர் ஆறு. ஆளுக்கு ஒன்று என்று நினைத்துக்கொண்டேன்.

(மாமா ஒன்றும் சொல்லாமல், சுவரில் சுவிட்சை அணைத்துவிட்டு, பெட்டியை மொத்தமாகப் பிடுங்கிக் கையில் வைத்துக்கொள்கிறார். கணப்பில் தீ காணாமல் போகிறது. உங்கள் வீட்டு எக்ஸ்டென்ஷன் பெட்டியை இப்போதே எழுந்துபோய்த் திருப்பிப் பார்ப்பதானால் பாருங்கள்; இவர்கள் இருவரும் எங்கேயும் போகமாட்டார்கள்.)

மாமா: தண்ணீர் வாளி வைத்தீர்களே, எந்த நெருப்புக்கு? கண்ணாடிக்குப் பின்னால் இருக்கிற நெருப்பு சுடாது. சுடுகிற நெருப்பு சோபாவுக்குப் பின்னால் மெதுவாகத் தயாராகிக்கொண்டிருந்தது. அதன் மேல் இந்தத் தண்ணீரை ஊற்றியிருந்தால் ஷாக் அடித்து நீங்களும் சேர்ந்து விழுந்திருப்பீர்கள்.

மாப்பிள்ளை: (வாளியைக் காலால் தள்ளிக்கொண்டே) சரி மாமா, எதில்தான் செருகுவது?

மாமா: எர்த் இணைப்புள்ள சுவர்ச் சாக்கெட்டில், நேராக. இடையில் ஒன்றும் வேண்டாம். பிளக் தொளதொளவென்று ஆடக் கூடாது. வயர் கம்பளத்துக்கு அடியில் போகவும் கூடாது. அங்கே நைந்தாலும் சூடேறினாலும் நம் கண்ணுக்குத் தெரியாது.

மாப்பிள்ளை: அப்படியானால் இதோ, இந்தச் சாக்கெட்டுக்கு நேர் கீழே வைத்துவிடுகிறேன். வயரே தெரியாது.

மாமா: நேர் கீழே வைத்தால் சூடு மேலே ஏறிச் சாக்கெட்டைத்தான் முதலில் வேகவைக்கும். கொஞ்சம் தள்ளி. இன்னும் கொஞ்சம். கம்பளத்தை விட்டு வெளியே, தரை சமமாக இருக்கிற இடத்தில். முன்னால் திரைச்சீலை, சோபா எதுவானாலும் ஒரு மீட்டர் தள்ளி இருக்கவேண்டும்.

(சட்டைப்பையிலிருந்து 30 செ.மீ. ஸ்கேலை எடுக்கிறார். முப்பது வருடமாக வரி இடைவெளி அளந்த ஸ்கேல். 17க்கும் 19க்கும் நடுவே கோடுகள் தேய்ந்துபோயிருக்கின்றன. மூன்று முறை வைத்து, நான்காவது முறை பத்து சென்டிமீட்டரோடு நிறுத்துகிறார். சோபா நான்கு விரற்கடை பின்வாங்குகிறது.)

மாப்பிள்ளை: நான்கு விரற்கடைக்காகவா சோபாவை நகர்த்தினோம்?

மாமா: ஒரு கால்புள்ளிக்காக ஓர் இரவு முழுக்க அச்சு இயந்திரத்தை நிறுத்தியவன் நான். போடுங்கள் சுவிட்சை. இந்தத் தடவை சூட்டையும் சேர்த்து.

(விசிறி முனகுகிறது. இளஞ்சூடு வருகிறது. கூடவே ஒரு கருகல் வாடை. மாப்பிள்ளை ஒரே தாவலில் வாளியைத் தூக்கிவிடுகிறார்.)

மாமா: கீழே வையுங்கள்! முதன்முதலாகச் சூடேறினால் இந்த வாடை வரும். உள்ளே இருக்கும் கம்பியில் படிந்த தூசும் எண்ணெய்ப் பூச்சும் கருகுகின்றன. ஜன்னலைத் திறந்தால் சிறிது நேரத்தில் போய்விடும். போகாமல் நின்றாலோ, புகை தெரிந்தாலோ பிளக்கைப் பிடுங்கவேண்டும். அப்போதும் வாளி இல்லை.

மாப்பிள்ளை: அது என்ன கம்பி, மாமா? பல்புக் கம்பியா?

மாமா: பெரும்பாலும் நிக்ரோம். நிக்கலும் குரோமியமும் கலந்தது. செக்கச் சிவந்தாலும் எளிதில் துருப்பிடித்து உதிராது. ஆல்பர்ட் மார்ஷ் என்ற அமெரிக்கர் 1906இல் காப்புரிமை வாங்கினார். ஒரு கலைக்களஞ்சியத்தில் அதை 1609 என்று கோத்துவிட்டார்கள். நான் பிடிக்காவிட்டால் அந்த மனிதர் மின்சார விளக்குக்கு முன்னாலேயே ஹீட்டர் போட்டிருப்பார். இருங்கள், கையேட்டையும் சிவப்புப் பென்சிலையும் எடுத்துவருகிறேன்.

(போகிறார். மாப்பிள்ளை சுற்றுமுற்றும் பார்த்துவிட்டு, ஈரத் துண்டைக் கணப்பின் மேல் விரிக்கிறார். அதன் ஓரம் சூடான காற்று வரும் வாயில் திரைபோலத் தொங்குகிறது. சில நிமிடங்கள் கழித்து உள்ளே 'டிக்' என்று ஒரு சத்தம். சூடு நின்றுவிடுகிறது. தீ மட்டும் எதுவும் நடக்காததுபோல் நெளிகிறது.)

மாப்பிள்ளை: மாமா! செத்துவிட்டது!

மாமா: (ஓடிவந்து) துண்டு! யார் போட்டது?

மாப்பிள்ளை: கையேட்டில் போட்டிருக்கிறது, மாமா. முழுக் கையேட்டிலும் நான் படித்தது ஒரே ஒரு வரி. அதில் அப்படித்தான் இருக்கிறது.

மாமா: (புரட்டி, மூச்சை அடக்கி) எட்டாம் பக்கம், கடைசி வரி: "ஓடும்போது மேலே துணி போடவும்".

மாப்பிள்ளை: பார்த்தீர்களா!

மாமா: (பக்கத்தைப் புரட்டி) ஒன்பதாம் பக்கம், முதல் வரி: "கூடாது."

(நீண்ட அமைதி. மாமாவின் கையில் சிவப்புப் பென்சில் நடுங்குகிறது.)

மாமா: அந்தக் 'கூடாது'வை அடுத்த பக்கத்துக்குத் தள்ளியவன் மட்டும் என் கையில் கிடைத்தால்...

மாப்பிள்ளை: கோபப்படாதீர்கள் மாமா. இது இனி பிழைக்காதா?

மாமா: சாகவே இல்லை. காற்று வெளியே போக வழியில்லாமல் சூடு உள்ளேயே தேங்கினால், தானாகவே நின்றுகொள்ள ஓர் அமைப்பு இருக்கிறது. துண்டை எடுங்கள், சுவிட்சை அணைத்துப் பிளக்கைப் பிடுங்குங்கள். இந்தக் கையேட்டின்படி 15 நிமிடம் ஆறவிட்டுத் திரும்பப் போட்டால் ஓடும். அடிக்கடி இப்படி நின்றால் உள்ளே தூசு அடைத்திருக்கிறதா என்று பார்க்கவேண்டும். நின்ற கோபத்தில் தட்டக் கூடாது.

மாப்பிள்ளை: (ஓங்கிய கையை இறக்கி) நான் தட்டப்போகவில்லை.

(காத்திருக்கிறார்கள்.)

மாப்பிள்ளை: மாமா, விறகு பொய், கதவு பொய். அந்தத் தீ மட்டும் எப்படி இவ்வளவு தத்ரூபமாக நெளிகிறது?

மாமா: பிளக் வெளியேதானே இருக்கிறது? டார்ச்சைக் கொடுங்கள். பின்பக்கச் சல்லடை வழியாகப் பாருங்கள். படுக்கைவாட்டில் ஒரு மெல்லிய தண்டு தெரிகிறதா? அதில் பளபளவென்று தகட்டுத் துண்டுகள்?

மாப்பிள்ளை: ஆமாம், சப்பாணிப் பூரான் மாதிரி.

மாமா: சின்ன மோட்டார் அதை மெதுவாகச் சுற்றும். எல்.இ.டி. வெளிச்சம் தகட்டில் பட்டுத் தெறித்து, முன்னால் இருக்கும் மங்கலான திரையில் கீழிருந்து மேலாக ஓடும். அதுதான் தீ. சில வாட் போதும். பழைய கணப்புகளில் மோட்டாரும் கிடையாது. சூடான பல்புக்கு மேல் ஒரு தகரச் சக்கரம். மேலே ஏறுகிற வெப்பக் காற்று அதைச் சுற்றிவிடும், நிழல் ஆடும்.

மாப்பிள்ளை: எங்கள் தீக்கு நேற்றிலிருந்து விக்கல் இருக்கிறது, மாமா. நெளிந்துகொண்டே இருக்கும்போது சட்டென்று ஒரு துள்ளு. விறகு பச்சையோ என்று நினைத்தேன்.

மாமா: (டார்ச்சைச் சாய்த்து) தண்டுக்கு அடியில் பாருங்கள், வெள்ளையாக ஓர் உருண்டை. பெட்டியில் வைத்து அனுப்பிய தெர்மகோல். ஒவ்வொரு சுற்றுக்கும் ஒரு தகடு அதில் இடித்துக்கொண்டு தாண்டியிருக்கிறது. மெதுவாகச் சாயுங்கள்... இன்னும்...

(மிளகு அளவு வெள்ளை உருண்டை ஒன்று தரையில் விழுந்து, வாளியை நோக்கி உருண்டோடுகிறது.)

மாப்பிள்ளை: விக்கல் நின்றது! மாமா, கரண்டு பில் எப்படி வரும்? விற்றவர் இது மற்ற ஹீட்டர்களைவிடப் பாதிச் செலவில் இரட்டிப்புச் சூடு தரும் என்றார்.

மாமா: 2000 வாட் முழுச் சூட்டில் விடாமல் ஒரு மணி நேரம் ஓடினால் 2 யூனிட். சாதாரண ஹீட்டரும் 2000 வாட்டுக்கு அதே சூட்டைத்தான் தரும். விறகு பொம்மைக்காகக் கூடுதலாக ஒன்றும் தராது. அறை சூடானதும் தெர்மோஸ்டாட் இடையிடையே நிறுத்திக்கொடுத்தால் அவ்வளவு ஆகாது.

மாப்பிள்ளை: ரிமோட்டும் டைமரும் கொடுத்திருக்கிறார்கள். நாங்கள் ஊரிலிருந்து திரும்புவதற்கு ஒரு மணி நேரம் முன்னால் தானாக ஓடும்படி வைத்துவிட்டால்?

மாமா: ஆளில்லாத வீட்டில் யாராவது அலமாரித் துணியைத் தள்ளிவிட்டு அது கணப்பின் மேல் விழுந்திருந்தால்?

மாப்பிள்ளை: ஆளில்லாத வீட்டில் யார் தள்ளிவிடுவார்கள்?

மாமா: பூனை. உங்கள்மேல் அதற்கு நியாயமான கோபம் இருக்கிறது.

(மாப்பிள்ளை ரிமோட்டை மேசையில் கவிழ்த்து வைக்கிறார். கடிகாரம் பத்தடிக்கிறது. 15 நிமிடம் ஆகிவிட்டது. பிளக்கைச் செருகுகிறார்கள், விசிறி முனகுகிறது, தீ விக்கலில்லாமல் நெளிகிறது. இருவரும் கை நீட்டிக் குளிர் காய்கிறார்கள். தலைக்கு மேல் 'டங்' என்று ஒரு சத்தம். சற்று இடைவெளி. மறுபடியும் 'டங்'. கணப்பின் மேல் கொஞ்சம் சுண்ணாம்புத் தூள் உதிர்கிறது.)

மாமா: (மெதுவாக நிமிர்ந்து பார்த்து) மாப்பிள்ளை, கொத்தனாருக்குப் போன் செய்தீர்களா?

மாப்பிள்ளை: எப்படி மாமா செய்வேன்? என் சார்ஜர் இருந்த பெட்டியைப் பிடுங்கி நீங்கள்தானே கையில் வைத்திருக்கிறீர்கள்!