அந்தப் பிள்ளையைத் தூங்க விடுங்கள்

ஞாயிற்றுக்கிழமை காதுகுத்தில் நடந்ததும், செவ்வாய்க்கிழமை பேய் ஓட்டுகிற கோடாங்கியிடம் கூட்டிப்போனதும் இதைப் படிக்கிறவர்களில் பாதிப் பேருக்குத் தெரியும். முழுசாகத் திரும்பச் சொல்லப்போவதில்லை. பெயரும் சொல்ல மாட்டேன். என் தங்கச்சி மகள், அது போதும். ராத்திரி தூக்கத்தில் ஏதோ நெஞ்சில் ஏறி அமுக்குகிறது என்று சொன்ன பிள்ளையைத்தான் பேய் பிடித்தது என்று இந்தப் பாடு படுத்தினீர்கள். பேசாமல் இருந்துவிடலாம் என்றுதான் நினைத்தேன். நேற்று ராத்திரி குடும்ப வாட்ஸப் குழுவில் ஒரு பெரியவர் "பிள்ளை இப்ப தெளிவா இருக்கு" என்று போட, வரிசையாகக் கும்பிடு போட்டிருந்தீர்கள். அதைப் பார்த்ததும் மனசு கேட்கவில்லை.

பிள்ளை தெளிவாக இல்லை. பயந்துபோய்க் கிடக்கிறது. அவளுக்கு வேண்டியது தூக்கம். தூங்க விடுங்கள்.

பகல் முழுக்க ஜவுளிக்கடையில் நிற்கிறாள். ராத்திரி பத்தரைக்கு வீடு வந்து, சாப்பிட்டு, குரூப் 4 புத்தகத்தோடு இரண்டு மணி வரை உட்கார்கிறாள். ஐந்து மணிக்குத் தண்ணீர் பிடிக்க எழுப்பிவிடுகிறீர்கள். மூன்று மணி நேரத் தூக்கம். எட்டு மாதமாக இதே கதை. இப்படிக் கிடந்தால் யாரை வேண்டுமானாலும் அமுக்கும்.

அமுக்குவான் பேய் என்று நாம் சொல்வதை டாக்டர்கள் ஸ்லீப் பராலிசிஸ் என்கிறார்கள். கனவு வரும் நேரத்தில் மூளையே கை காலைக் கட்டிப்போட்டு வைக்கிறது. இல்லாவிட்டால் கனவில் ஓடுகிறவன் எழுந்து ஓடிச் சுவரில் மோதுவான். கண்ணுக்கும் மூச்சுக்கும் மட்டும் அந்தக் கட்டு இல்லை. சில நேரம் முழிப்பு முந்திக்கொள்கிறது, கட்டு அவிழவில்லை. கண் திறந்திருக்கும், அறை தெரியும், கனவும் பாதி ஓடிக்கொண்டிருக்கும். மூச்சு தன்பாட்டுக்குப் போய்க்கொண்டுதான் இருக்கும். நாமாக இழுத்து விடப் பார்த்தால் நெஞ்சு கேட்காது, அதனால்தான் மேலே யாரோ ஏறி உட்கார்ந்த மாதிரி இருக்கிறது. சில நொடி, மிஞ்சினால் சில நிமிஷம். தானாக விட்டுவிடும். தூக்கம் கெட்டவர்களுக்கும், ஷிப்ட் மாறி வேலை பார்ப்பவர்களுக்கும், மல்லாந்து படுப்பவர்களுக்கும் கூடுதலாக வரும். 2011-ல் பல ஆய்வுகளைச் சேர்த்துக் கணக்குப் பார்த்தார்கள். வாழ்நாளில் ஒரு தடவையாவது வந்தவர்கள் 100-க்கு 8 பேர். மாணவர்களை மட்டும் எடுத்தால் 28 பேர். அப்படியானால் அன்றைக்குப் பந்தியில் உட்கார்ந்திருந்தவர்களில் எத்தனை பேருக்கு வந்திருக்கும்? ஒருவரும் வாய் திறக்கவில்லை.

எனக்கு வந்திருக்கிறது. 22 வயதில் நூல் மில்லில் வேலை. ஒரு வாரம் அரை நைட், ஒரு வாரம் முழு நைட். செல்லூரில் ஆஸ்பெஸ்டாஸ் கூரை போட்ட அறை. காலையில் வந்து படுத்தால் அனலில் தூக்கம் பிடிக்காது. பிடித்தால் அது வந்துவிடும். கதவோரம் ஒரு கறுப்பு நிற்கும், முகம் இருக்காது. வெளியே தறி ஓடும் சத்தம் கேட்கும், பக்கத்து வீட்டு அக்கா குழாயடியில் பேசுவது கேட்கும், என்னால் "அம்மா" என்று கூப்பிட முடியாது. என் அம்மா தலைமாட்டில் விளக்குமாறும் செருப்பும் வைத்தாள். பாண்டி கோயிலில் கயிறு மந்திரித்துக் கட்டினாள். ராத்திரி என் பக்கத்திலேயே படுத்து என் தலையில் கையை வைத்துக்கொள்வாள். யாரு என்னன்னு ஒரு வார்த்தை கேட்கவில்லை. அந்தக் கைதான் என்னைத் தூங்க வைத்தது என்று இன்றைக்கும் நம்புகிறேன்.

அதனால் "சாமியைப் பழிக்கிறான்" என்று ஆரம்பிக்காதீர்கள். பாண்டி முனியை நானும் கும்பிடுகிறேன். விபூதி பூசுங்கள், கயிறு கட்டுங்கள், பிள்ளைக்குத் தைரியம் வரட்டும். நீங்கள் செய்தது அதுவா? நூறு பேர் நடுவில் "ராத்திரி யாருடி வந்து அமுக்குறான்" என்று கேட்டீர்கள், ஆம்பளைகள் சிரித்தார்கள். வேப்பிலையால் முகத்தில் அடித்து "யாரு நீ, சொல்லு" என்று கேட்டீர்கள். கிணற்றில் விழுந்து செத்தவள் பெயரைக் கோடாங்கிதான் எடுத்துக் கொடுத்தார். அதுவரை அவள் பார்த்தது வெறும் நிழல். இப்போது அதற்கு முகம் வந்துவிட்டது. கனவில் உடுக்கைச் சத்தம் கேட்கிறது மாமா என்று போனில் அழுகிறாள்.

"எல்லாருக்கும் ஒரே மாதிரி உருவம் வருதே, அப்ப ஏதோ இருக்குல்ல" என்று ஒரு தம்பி கேட்டிருந்தார். நல்ல கேள்வி. ஜப்பானில் இதைக் கட்டிப்போடுவது என்று பொருள்படும் பெயரில் கனாஷிபாரி என்கிறார்கள். கனடாவின் நியூஃபவுண்ட்லாந்தில் ஒரு கிழவி வந்து நெஞ்சில் உட்காருகிறாள். நம் ஊர்க் கிணற்றில் செத்தவள் அங்கே போகவில்லை தம்பி. உடம்பு எல்லா ஊரிலும் ஒன்று.

டாக்டரிடம் போனால் பைத்தியம் என்று பட்டம் கட்டுவார்களாம். யார் கட்டுவது? நீங்கள்தானே. அரசாங்கத்தின் மனநல உதவி எண் 14416-க்குக் கூப்பிட்டால் தமிழிலேயே பேசுவார்கள், காசு கிடையாது. அடிக்கடி வந்தாலோ, பகலிலும் அடக்க முடியாமல் தூக்கம் சொக்கினாலோ கட்டாயம் டாக்டரைப் பார்க்க வேண்டும்.

"ரெண்டு வேப்பிலை அடியில என்ன கெட்டுப்போச்சு" என்று கேட்கிறவருக்கு என்ன சொல்ல? ஏர்வாடி நமக்குத் தூரமில்லை. 2001 ஆகஸ்ட் 6 அன்று அங்கே மனநலக் காப்பகத்தில் சங்கிலியில் கட்டிப்போட்டிருந்த 28 பேர் தீயில் கருகிச் செத்தார்கள். அதுவும் இதுவும் ஒன்றில்லை, எனக்கும் தெரியும். ஆனால் அவர்களையும் வீட்டு ஆட்கள்தான் நல்லதுக்கு என்று கொண்டுபோய் விட்டார்கள்.

இன்னொன்றும் கேட்டுவிடுகிறேன். அதே வீட்டில் அவள் தம்பி எட்டு மணி வரை தூங்குகிறான். அவனை யாரும் எழுப்புவதில்லை. தண்ணீர்க் குடத்தை அவனும் தூக்கலாம். இதைச் சொன்னால் என் தங்கச்சியே என்னிடம் பேச மாட்டாள். பரவாயில்லை. கல்யாணம் பண்ணி வைத்தால் சரியாகிவிடும் என்றாரே ஒருவர், அங்கே போனால் ஐந்து மணிக்குப் பதில் நாலரைக்கு எழுப்புவார்கள். அவ்வளவுதான் மாறும்.

அவளிடம் நான் சொன்னது கொஞ்சம்தான். ஒருக்களித்துப் படு. அது வந்தால் மல்லுக்கட்டாதே, மூச்சு போய்க்கொண்டிருக்கிறது என்று மனசுக்குள் சொல், கால் கட்டைவிரலை மட்டும் அசைக்கப் பார். கெட்ட கனவைப் பகல் வெளிச்சத்தில் நோட்டில் எழுது, முடிவை மட்டும் உனக்குப் பிடித்த மாதிரி மாற்றி எழுதித் தினமும் படி. டாக்டர்களும் கொடுக்கிற பயிற்சிதான் இது. நேற்று எழுதிக் காட்டினாள். உடுக்கையைப் பிடுங்கிக் கிணற்றில் போட்டுவிட்டுச் சைக்கிளில் வீட்டுக்கு வந்துவிடுகிறாள்.

புதன்கிழமையிலிருந்து எங்கள் வீட்டில்தான் இருக்கிறாள். என் வீட்டுக்காரி பக்கத்தில் படுத்துக்கொள்கிறாள். ஐந்து மணி அலாரத்தை எடுத்துவிட்டேன். ஞாயிற்றுக்கிழமை காலையில் அவளைக் கூப்பிட வருவதாகச் சொன்னவர்கள் எட்டு மணிக்கு மேல் வாருங்கள். வந்தால் காலிங் பெல் அடிக்க வேண்டாம், எனக்குப் போன் பண்ணுங்கள். நான் கதவைத் திறக்கிறேன்.