பேஸ் கிட்டார் வாயை மூடிக்கொண்டபோது

ஐந்து கலர் பொத்தான் வைத்த ஒரு பிளாஸ்டிக் கிட்டார்தான் எனக்கு ராக் இசையைக் கேட்கச் சொல்லிக்கொடுத்தது. இதைச் சொன்னால் நிஜமாகவே கிட்டார் வாசிக்கும் நண்பர்கள் சிரிப்பார்கள். சிரிக்கட்டும்.

2010. அமெரிக்காவில் படிக்கப் போயிருந்த நாங்கள் நான்கு பேர் ஒரே அபார்ட்மெண்டில் இருந்தோம். யாரோ ஊரைக் காலி செய்துகொண்டு போகும்போது விற்ற 'தி பீட்டில்ஸ்: ராக் பேண்ட்' என்ற வீடியோ கேம் செட்டை (பீட்டில்ஸ் இசைக்குழுவின் பாடல்களைப் பிளாஸ்டிக் வாத்தியங்களில் வாசிக்கும் கேம்) ஆளுக்குக் கொஞ்சம் காசு போட்டு வாங்கினோம். "எல்லாம் நல்லா வேலை செய்யுது" என்றுதான் கொடுத்தார். வீட்டுக்கு வந்து பிரித்தால் டிரம்ஸ் பெடல் நடுவில் விரிந்திருந்தது. டேப் சுற்றி, அடியில் ஒரு பழைய செருப்பை முட்டுக்கொடுத்து ஓட்டினோம். அந்தச் செருப்பு கடைசி வரை அங்கேயே இருந்தது.

இந்த வகை கேமை ஆடாதவர்களுக்கு ஒரு வரி. திரையில் ஒரு பாதை ஓடும், கலர் கலராக நோட்ஸ் வரும், அது கோட்டைத் தொடும் நேரத்தில் அந்தப் பொத்தானை அழுத்தியபடி இன்னொரு கையால் தட்ட வேண்டும். அவ்வளவுதான். ஆனால் நீங்கள் தவறவிட்டால் என்ன ஆகிறது என்பதில்தான் விஷயமே இருக்கிறது. பாட்டு நிற்காது. நீங்கள் வாசிக்கும் அந்த ஒரு வாத்தியம் மட்டும் வாயை மூடிக்கொள்ளும்.

எனக்கு அன்றைக்குக் கிடைத்தது பேஸ் கிட்டார், பாட்டின் அடியில் கனமான கீழ் ஸ்வரங்களை வாசிக்கிற கிட்டார். வீட்டில் யாருக்கும் வேண்டாத வேலை அது. 'சம்திங்' பாட்டை அதற்கு முன் நூறு தடவையாவது கேட்டிருப்பேன். பீட்டில்ஸின் ஜார்ஜ் ஹாரிசன் எழுதிய உருகும் காதல் பாட்டு, அதில் பேஸ் என்று ஒன்று இருப்பதே என் காதில் விழுந்ததில்லை. இரண்டாவது வரியில் கை தடுமாறி நான்கைந்து நோட்ஸை விட்டேன். சட்டென்று பாட்டின் அடியில் யாரோ பாயை உருவின மாதிரி ஆகிவிட்டது. குரல் இருக்கிறது, கிட்டார் இருக்கிறது, ஆனால் எல்லாம் அந்தரத்தில் தொங்குகிறது. மறுபடி பிடித்ததும் திரும்பி வந்தது. அப்போதுதான் தெரிந்தது, பேஸ் வாசித்த பால் மெக்கார்ட்னி அங்கே சும்மா தாளத்துக்குத் துணை போகவில்லை, குரலுக்குக் கீழே தனியாக இன்னொரு பாட்டே பாடிக்கொண்டிருக்கிறார் என்று. இல்லாமல் போன பிறகுதான் அது என் காதில் விழுந்தது. அன்றிரவு அதே பாட்டை வேண்டுமென்றே தப்பும் தவறுமாக நாலு தடவை வாசித்தேன். ஸ்கோர் கேவலம்.

இப்படி ஒரு வாத்தியத்தை மட்டும் தனியாக நிறுத்த வேண்டும் என்றால் ஒவ்வொன்றின் ஒலியும் தனித்தனியாகக் கையில் இருக்க வேண்டும். பிந்தைய பாடல்களுக்கு அது ஓரளவு கிடைத்தது. ஆரம்பப் பாடல்களுக்கு? 1963-ல் ஏபி ரோடு ஸ்டுடியோவில் அவர்கள் பதிவு செய்தது இரண்டே டிராக்கில், அதாவது டேப்பில் ஒலியைத் தனித்தனியாகப் பதிய இரண்டே தடம். அந்த வருஷக் கடைசியில் 'ஐ வான்ட் டு ஹோல்ட் யுவர் ஹேண்ட்' பாட்டுக்குத்தான் நான்கு டிராக் வந்தது. அதற்கு முந்தையவற்றில் கிட்டார், பேஸ், டிரம்ஸ் எல்லாம் சாம்பார் சாதம் மாதிரி ஒன்றாகக் குழைந்து கிடக்கிறது. அதிலிருந்து பருப்பைத் தனியாகப் பொறுக்கும் வேலையை மேற்பார்த்தவர் ஜைல்ஸ் மார்ட்டின். அந்தப் பாடல்களைத் தயாரித்த ஜார்ஜ் மார்ட்டினின் மகன். எந்த அதிர்வெண்ணில் எந்த வாத்தியம் உட்கார்ந்திருக்கிறது என்று பார்த்துப் பார்த்துப் பிரித்தார்கள். அப்பா குழைத்ததை மகன் பிரிக்கிறார்!

ஒரே இசைக்குழுவுக்கு ஒரு முழு கேமா என்று அப்போதே பலர் கேட்டார்கள். என் பதில் ஆமாம். கதம்பமாகப் பாடல் போட்ட கேமில் நாம் ஸ்கோரைத்தான் துரத்துவோம். இங்கே அவர்கள் வாசித்த மேடைகள் வரிசையாக வரும்: லிவர்பூலின் கேவர்ன் கிளப்பில் தொடங்கி, அமெரிக்க டிவியின் எட் சல்லிவன் ஷோ, நியூயார்க்கின் ஷே ஸ்டேடியம், டோக்கியோவின் புடோகான் என்று போய், பிறகு ஸ்டுடியோவுக்குள் புகுந்து, கடைசியில் லண்டன் மொட்டைமாடியில் முடியும். அதே நான்கு பேர் ஆறேழு வருஷத்தில் எப்படி மாறினார்கள் என்று விரல் வழியாகவே தெரிந்துவிடும். முதலில் பேஸ் சமத்தாக நடக்கும். 'ரிவால்வர்' ஆல்பம் வந்ததும் ஓட ஆரம்பிக்கும். டிரம்ஸ் வாசித்த ரிங்கோ இடதுகைக்காரர், ஆனால் வலதுகைக்காரர்களுக்கு வைத்த டிரம்ஸில் வாசித்தவர். அவர் உருட்டும் இடங்களில் என் கை ஏன் இப்படிப் பின்னிக்கொள்கிறது என்று புரிந்துகொள்ளவே எனக்கு ஒரு மாதம் ஆனது.

டிஸ்கில் மொத்தம் 45 பாடல். 'ஹே ஜூட்' இல்லை, 'லெட் இட் பி' இல்லை, 'யெஸ்டர்டே' இல்லை. முதல் இரண்டும் பியானோ பாட்டு, கேமில் பியானோ வாத்தியமே கிடையாது; 'யெஸ்டர்டே'யில் டிரம்ஸே கிடையாது. அதனால் எனக்கு இது பெரிய குறையாகப் படவில்லை. இன்னொன்று எனக்கு ரொம்பப் பிடித்தது: மற்ற ராக் பேண்ட் கேம்களில் டிரம்ஸில் இஷ்டத்துக்கு அடிக்க ஒரு இடம் தருவார்கள், கிட்டாரில் நெம்புகோல் மாதிரி நீட்டிக்கொண்டிருக்கும் கம்பியை ஆட்டி ஒலியை நெளிக்கலாம். இதில் இரண்டும் இல்லை. பாட்டில் நீ கை வைக்காதே என்று அர்த்தம். சரிதானே.

மற்ற இசைக்குழுக்களுக்கும் இப்படி கேம் வந்தது, ராக் பேண்டுக்குப் போட்டியான 'கிட்டார் ஹீரோ' என்ற தொடரில். 'கிட்டார் ஹீரோ: ஏரோஸ்மித்' 2008-ல் வந்த முதல் முயற்சி, அவர்கள் முதன்முதலில் வாசித்த மாசசூசெட்ஸ் பள்ளிக்கூட ஹாலில் தொடங்குகிறது, அது அழகு. ஆனால் ஒவ்வொரு மேடையிலும் முதலில் வேறு ஆட்களின் பாட்டை வாசித்து முடித்தால்தான் ஏரோஸ்மித் மேடைக்கு வருவார்கள். கல்யாணத்துக்குப் போனால் மாப்பிள்ளையைத் தவிர எல்லோரையும் பார்த்துவிட்டு வருகிற மாதிரி. 'வான் ஹேலன்' இசைக்குழுவின் கேமை நான் மன்னிக்கவே மாட்டேன். சாமி ஹேகர் பாடிய காலத்துப் பாட்டு ஒன்றுகூட இல்லை. அத்தனை வருஷம் பேஸ் வாசித்த மைக்கேல் ஆன்டனி இருக்க வேண்டிய இடத்தில் குழுவின் கிட்டாரிஸ்ட் எடி வான் ஹேலனின் மகன் வுல்ஃப்காங் நிற்கிறார். பங்காளிச் சண்டையில் குடும்ப போட்டோவைக் கத்தரித்த கதை. பேஸ் வாசிக்கிறவன் என்ற முறையில் எனக்கு இதில் சொந்தக் கோபமே உண்டு.

மெட்டாலிகா இசைக்குழுவின் கதை வேறு. 2008 செப்டம்பரில் அவர்களுடைய 'டெத் மேக்னடிக்' ஆல்பம் வந்தபோது, அதே பாடல்கள் 'கிட்டார் ஹீரோ 3' கேமுக்கும் வந்தன. ஆல்பத்தில் ஒலியை அளவுக்கு மீறி ஏற்றி நசுக்கி வைத்திருந்தார்கள், டிரம்ஸ் தகரம் கிழிகிற மாதிரி இருக்கும். கேமுக்குப் போனதோ அந்தக் கடைசி நசுக்கலுக்கு முன்பிருந்த தனித்தனி டிராக்குகள். ரசிகர்கள் இரண்டையும் ஒப்பிட்டுப் பார்த்து, கேமில் இருப்பதுதான் நன்றாக இருக்கிறது என்று கொதித்துப்போய், ஆல்பத்தை மறுபடி மிக்ஸ் செய்யச் சொல்லிக் கையெழுத்து வேட்டையே நடத்தினார்கள். பிளாஸ்டிக் கிட்டார் பொம்மை என்று இளக்காரம் பேசுகிறவர்களிடம் நான் எடுத்துவிடுவது இந்தக் கதையைத்தான்.

"இதுக்குச் செலவு பண்ற நேரத்துல நிஜக் கிட்டாரே கத்துக்கலாமே" என்று கேட்பவர்களுக்கு: கற்றுக்கொள்ளலாம். நானும் முயன்றேன், மூன்று மாதத்தில் விட்டேன். இந்த கேம் வாசிக்கக் கற்றுத் தராது, அப்படி எதிர்பார்ப்பதும் நியாயமில்லை. கிரிக்கெட் பார்க்கிறவன் எல்லாம் மட்டை பிடிக்கத் தெரிந்தவனா என்ன? ஆனால் பந்து ஸ்விங் ஆகிறதா என்று பார்க்கத் தெரிந்தால் ஆட்டமே வேறு.

எனக்கு உண்மையான வருத்தம் வேறு இடத்தில் இருக்கிறது. வருஷத்துக்கு இத்தனை கேம், வீட்டுக்கு இத்தனை பிளாஸ்டிக் என்று கொட்டி, கேம் கம்பெனிகள் தாங்களே சந்தையைத் திகட்டவைத்தார்கள். 2011 பிப்ரவரியில் கிட்டார் ஹீரோவை வெளியிட்ட ஆக்டிவிஷன் நிறுவனம் அந்தப் பிரிவையே மூடியது. பீட்டில்ஸ் கேமுக்கு 'ஏபி ரோடு', 'சார்ஜன்ட் பெப்பர்', 'ரப்பர் சோல்' மூன்று ஆல்பங்களின் மிச்சப் பாடல்களையும் தனியாக விற்றார்கள். 2016-ல் உரிமம் முடிந்து அவையும் கடையிலிருந்து போய்விட்டன. இன்று ஒருவர் பழைய டிஸ்கைத் தேடிப் பிடித்தாலும் அந்த 45-தான். ஸ்டுடியோவில் தனித்தனியாகப் பிரித்தெடுத்த அத்தனை உழைப்பும் யாரும் வாங்க முடியாத ஒரு இடத்தில் கிடக்கிறது. இசைத்தட்டு என்றால் பரண்மேல் போட்டாவது வைத்திருக்கலாம்.

எங்கள் செட்டைக் கடைசியாக வாசித்த நாள் ஞாபகம் இருக்கிறது. 'ஐ வான்ட் யூ'. கிட்டத்தட்ட எட்டு நிமிஷம், அதில் கடைசி மூன்று நிமிஷம் ஒரே சுழற்சி, திரும்பத் திரும்ப, கை வலி உயிர் போகும். பின்னால் புயல் மாதிரி இரைச்சல் ஏறிக்கொண்டே இருக்கும். பிறகு எந்த முடிவும் இல்லாமல் கத்தியால் வெட்டின மாதிரி நின்றுவிடும். ஒரிஜினலே அப்படித்தான். நாங்கள் மூன்று பேரும் மூச்சு வாங்கிக்கொண்டு நிற்கிறோம். அந்த வாரம்தான் ஊரிலிருந்து வந்து இறங்கிய பையன், தலையோடு போர்வை போர்த்தித் தூங்கிக்கொண்டிருந்தவன், போர்வைக்குள்ளிருந்தே கேட்டான்:

"அண்ணே, கரண்ட் போயிருச்சா?"